கழுத்தளவு தண்ணீரில் ஆங்கிலம்

இந்தப் பாடத்துக்கு அகராதி வேண்டாம், மாற்று உடுப்பு போதும். திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளி பஸ்ஸில் ஏறி உப்புவெளியில் இறங்குங்கள். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அடங்கியிருக்கும். வாடைக் காலமென்றால் வீட்டிலிருந்தே படியுங்கள்.

முதல் படி: கணுக்காலளவு. வினைச்சொல்லை இங்கேயே முடித்துவிடுவோம். ஸ்விம், ஸ்வாம், ஸ்வம். 'நேற்று நீந்தினேன்' என்பதற்கு 'ஐ ஸ்வாம்'. 'நீந்தியிருக்கிறேன்' என்பதற்கு 'ஐ ஹாவ் ஸ்வம்'. 'ஸ்விம்ட்' என்று ஒன்று கிடையாது. சுழியோடுவது டைவ், மிதப்பது ஃப்ளோட். அடுத்ததில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கப்பல் மூழ்கினால் சிங்க். ஆள் மூழ்கி இறந்தால் ட்ரௌன். 'மூழ்கினான், காப்பாற்றிவிட்டார்கள்' என்று நாம் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'ஹி ட்ரௌன்ட்' என்றால் ஆள் போய்விட்டான். பிழைத்தவனுக்கு 'நியர்லி' சேர்க்க வேண்டும்.

இரண்டாம் படி: இடுப்பளவு. 'டெஸ்ட் தி வாட்டர்ஸ்'. ஆழம் பார்த்துக் காலை விடுவதுதான், வேறொன்றுமில்லை.

மூன்றாம் படி: கால் நிலத்தை விடும் இடம். நீந்தத் தெரியாதவர்கள் இதைக் கரையில் நின்று கற்பனை செய்தால் போதும். நாம் 'நிலை இல்லை' என்போமே, அதுதான் 'அவுட் ஆஃப் மை டெப்த்'. ஆங்கிலத்தில் இதைக் கடலில் சொல்வதைவிடக் கூட்டங்களில்தான் அதிகம் சொல்வார்கள்: பேசப்படும் விஷயம் என் அறிவுக்கு எட்டவில்லை என்று பொருள்.

இதன் உறவுக்காரச் சொல் ஒன்று என்னைப் படுத்தியிருக்கிறது. கொழும்பில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேலாளர் என்னைக் காட்டி 'வி த்ரூ ஹிம் இன் அட் தி டீப் எண்ட்' என்றார். தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று மட்டும் விளங்கியது. மத்தியானச் சோறு இறங்கவில்லை. டீப் எண்ட் என்பது நீச்சல் குளத்தின் ஆழமான பக்கம். பழக்காமலே கடினமான வேலையில் இறக்கிவிட்டோம் என்றுதான் சொல்லியிருக்கிறார். பொருள் தெரிந்த பின்னும் கோபம் வந்தது. ஆனால் அது வேறு கோபம்.

நான்காம் படி: நகராமல், காலை மட்டும் உதைத்து மிதந்துகொண்டிருங்கள். இது 'ட்ரெட் வாட்டர்'. பாடுபடுகிறேன், முன்னேற்றமில்லை என்பதற்கு 'ஐ ஆம் ட்ரெடிங் வாட்டர்'. சம்பளம் மாதக் கடைசிவரை இழுபட்டால் 'ஐ ஆம் ஜஸ்ட் கீப்பிங் மை ஹெட் அபவ் வாட்டர்'. நாமோ தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகுதான் சாண் என்ன, முழம் என்ன என்று வாயைத் திறக்கிறோம்.

கரையேறியதும் வெயிலில் தலை சுற்றினால் 'மை ஹெட் இஸ் ஸ்விம்மிங்' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு நிழலில் உட்கார்ந்து ஓர் இளநீர் குடியுங்கள்.