கேஸ் வேலையில் கோளாறு: புகார் கொடுக்கும்போது கோட்டைவிடும் இடங்கள்

வீட்டு கேஸ் இணைப்பில் யாரோ அரைகுறையாகச் செய்துவிட்டுப் போன வேலையைப் பற்றி வரும் புகார்களைப் படிப்பதும், அந்த வீட்டுக்கே போய்ப் பார்ப்பதும் என் வேலை. புகார் எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல்தடவை எழுதுபவர்கள். அதனால் எழுதுகிற கை மாறினாலும் சறுக்குகிற இடம் மாறுவதில்லை. ஆய்வுக்கு என்று இப்போது புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளும், ஆரம்பத்தில் நாங்கள் கோட்டைவிட்ட அதே இடங்களில்தான் கோட்டைவிடுகிறார்கள். அதைப் பார்த்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். தீக்குச்சி கொளுத்திக் கசிவு தேடாதீர்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள் என்பதெல்லாம் இதில் வராது. அவை உங்களுக்கே தெரியும்.

கோபத்தை மட்டும் எழுதுவது

"பொறுப்பே இல்லாத ஆள், எங்கள் உயிரோடு விளையாடிவிட்டார்" என்று ஆரம்பித்து நான்கு பக்கம் போகும். கோபம் நியாயம்தான். ஆனால் அவர் எந்த இணைப்பில் கை வைத்தார், என்ன மாற்றினார், அதற்குப் பிறகு என்ன ஆனது என்பது நான்கு பக்கத்திலும் இருக்காது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "அடுப்புக்குப் பின்னால் சுவரில் இருக்கும் வால்வை மாற்றினார். மறுநாள் காலை அடுப்புக்குக் கீழே, தரையோரம் வாடை வந்தது. வேலை முடிந்ததும் கசிவுச் சோதனை செய்யவில்லை. அடுப்பைப் பற்றவைத்துக் காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்."

இதில் கடைசி வரிதான் தங்கம். கேஸ் குழாயில் ஓர் இணைப்பைப் பிரித்து மாட்டினால், கேஸை அடைத்துவிட்டு அழுத்தமானியைப் பொருத்தி, முள் இறங்குகிறதா என்று சில நிமிடங்கள் காத்திருந்து பார்க்க வேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அடுப்பு எரிவது எதற்கும் சான்று இல்லை. கசிகிற குழாயிலும் அடுப்பு ஜோராக எரியும். சோதனை நடந்ததா இல்லையா என்று நீங்கள் எழுதும் ஒரு வரி, நான்கு பக்கத் திட்டைவிடக் கனமானது.

புகாருக்கு முன்பே சரிசெய்துவிடுவது

இதைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷம் ஆகியும் இதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமை தீர்வதில்லை.

ஒரு வீடு. புது அடுப்பு மாட்டிய மெக்கானிக் போன கையோடு வாடை. பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனசோடு தனக்குத் தெரிந்த இன்னொரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். அவரும் நல்ல வேலைக்காரர்தான். பழைய நட்டைக் கழற்றி எறிந்தார், ஹோஸை மாற்றினார், எல்லா இணைப்பையும் சோதித்தார், அரைமணி நேரத்தில் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்த அம்மா உட்கார்ந்து புகார் எழுதினார். நான் போய்ப் பார்த்தபோது பளபளவென்று புது பித்தளை நட்டு, அழகாக இறுக்கிய கிளிப். பழைய நட்டு எங்கே என்று கேட்டேன். குப்பை வண்டி வந்து போய்விட்டது என்றார். விசாரணைக்கு வந்த முதல் மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் சொன்னார்: "நீங்களே பாருங்க சார், என் வேலையில என்ன குறை?"

அடுத்தவர் செய்த வேலையைக் காட்டித் தன் வேலை என்கிறார். மறுக்க என் கையில் ஒன்றும் இல்லை. அவர் உரிமம் அப்படியே இருந்தது.

இங்கே குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஆபத்தை நிறுத்துவதும் பழுதைச் சரிசெய்வதும் ஒன்று என்று நினைக்கிறோம். இரண்டும் வேறு. ஆபத்தை நிறுத்த, கசியும் இணைப்புக்கு முன்னால் இருக்கும் வால்வை மூடினால் போதும். அப்படி ஒன்று இல்லையென்றால் மீட்டரிலோ சிலிண்டரிலோ மூடலாம். மூடிய வால்வில் "திறக்க வேண்டாம்" என்று தேதியோடு ஒரு சீட்டைக் கட்டிவிடுங்கள். கேஸ் வராத இணைப்பு யாரையும் ஒன்றும் செய்யாது. ஆய்வாளர் வரும்வரை அது அப்படியே கிடக்கட்டும். இரண்டு நாள் சமையல் தடைப்படும், உண்மைதான். அந்த இரண்டு நாள்தான் உங்கள் புகாரின் உயிர்.

அப்படியே விட்ட இணைப்பு தானே பேசும். நட்டின் முகங்களில் பல் பதிந்த தடம் இருந்தால், ஸ்பேனர் போட வேண்டிய இடத்தில் பைப் ரிஞ்சைப் போட்டு முறுக்கியிருக்கிறார். மரை சுற்றும் திசைக்கு எதிராக டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால், இறுக்கும்போதே அது சுருண்டு வெளியே வந்திருக்கும். நுனி தொங்குவது கண்ணுக்கே தெரியும். செம்புக் குழாயின் வாயை விரித்து மாட்டும் ஃபிளேர் இணைப்பில் உலோகத்தோடு உலோகம் உட்கார்ந்துதான் கேஸை அடைக்கும். அங்கே மரையில் டேப் சுற்றியிருந்தால், ஒன்று அவருக்கு வேலை தெரியாது, இல்லை குழாயின் வாய் விரிசல் விட்டதை மூடி மறைத்திருக்கிறார். கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கியிருந்தால் ஹோஸின் ரப்பரில் வெட்டு விழுந்திருக்கும். இதெல்லாம் ஒரு முறை கழற்றி மாட்டினால் போச்சு.

1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் குடியிருப்பில், 18ஆம் மாடி வீடு ஒன்றில் விடிகாலையில் அடுப்பைப் பற்றவைத்தபோது கேஸ் வெடித்தது. கட்டிடத்தின் ஒரு மூலை அப்படியே சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். கட்டிட அமைப்பில் இருந்த பலவீனம் தனிக் கதை. கேஸ் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விசாரணையில் கிடைத்த பதில், அடுப்போடு குழாயைச் சேர்த்த தரமற்ற ஒரு பித்தளை நட்டு. அது உடைந்திருந்தது. அவ்வளவு இடிபாட்டுக்குப் பிறகும் அந்த நட்டு விசாரணைக்குக் கிடைத்தது. நம் வீட்டில் சுவரில் கீறல்கூட இல்லை, நட்டு மட்டும் காணாமல் போய்விடுகிறது.

குழந்தை, நோயாளி என்று உடனே சரிசெய்தே ஆக வேண்டிய நிலை என்றால், குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள். கை வைக்கும் முன் படம் எடுங்கள்: சமையலறையில் அந்த இணைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிய ஒன்று, இணைப்பை மட்டும் நெருங்கி இன்னொன்று. அளவு தெரிய பக்கத்தில் ஒரு ஸ்கேலை வையுங்கள். இரண்டாவது மெக்கானிக் கழற்றும் முன்பு என்ன கண்டார் என்பதைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கழற்றிய பாகத்தைத் துடைக்காமல், டேப்பை உரிக்காமல் ஒரு கவரில் போட்டு, எங்கிருந்து யார் எப்போது கழற்றியது என்று கவரின் மேல் எழுதுங்கள். அவசரக் குழு வந்து துண்டித்தாலும் இதே கதைதான். அவர்கள் எடுத்த அழுத்த அளவையும் கேட்டு வாங்குங்கள். மெக்கானிக்குகளுக்குப் பழைய பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போகும் பழக்கம் உண்டு. வாய்விட்டுக் கேட்டால்தான் தருவார்கள்.

கசிந்துகொண்டிருக்கும்போதே படம் எடுப்பது

வேண்டாம். வால்வை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வாருங்கள். கேமரா அப்புறம்.

வாடையை மட்டும் நம்புவது

கேஸுக்குச் சொந்தமாக வாடை கிடையாது. மெர்காப்டன் போன்றவற்றைக் கலந்துதான் நாற வைக்கிறார்கள். 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸில் நியூ லண்டன் பள்ளியில் வாடையில்லாத கேஸ் கசிந்து வெடித்து ஏறக்குறைய 300 பேர் இறந்த பிறகுதான் அங்கே அது கட்டாயமானது. ஆனால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். உள்ளேயே இருப்பவருக்குத் தெரியாத வாடை, வெளியிலிருந்து வருபவரை வாசலிலேயே நிறுத்தும். ஆகவே முதலில் உணர்ந்தது யார், எப்போது வந்தவர் என்று புகாரில் எழுதுங்கள். எந்த உயரத்தில் என்பதையும் எழுதுங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு படரும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு லேசு, மேலே ஏறும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே சிலிண்டர் கேஸ் தீப்பிடிக்கும். இயற்கை எரிவாயுவுக்கு 5 சதவீதம் வேண்டும். எந்த கேஸ் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், வருபவர் எங்கே குனிவது, எங்கே ஏணி போடுவது என்று தெரிந்துகொண்டு வருவார்.

தலைவலியைப் புகாரில் சேர்க்காமல் விடுவது

கீசரின் புகைக்குழாயைத் தப்பாக மாட்டினால் வருவது கசிவு இல்லை, கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நீலமாக எரிய வேண்டியது மஞ்சளாக எரியும், சாதனத்தைச் சுற்றிக் கரி படியும், வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலியும் குமட்டலும் வரும், வெளியே போனால் விட்டுவிடும். இதைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

இங்கே தடயம் உங்கள் ரத்தத்தில் இருக்கிறது. நட்டைவிட வேகமாகக் காணாமல் போகிறது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் நான்கைந்து மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ளது பாதியாகிவிடும். ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகும். ஆகவே உடனே வெளியேறி மருத்துவமனைக்குப் போங்கள். போனதும் "கேஸ் கீசர் வேலை நடந்தது, கார்பன் மோனாக்சைடாக இருக்குமோ" என்று நீங்களே சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்சிமீட்டரை நம்ப வேண்டாம். அதற்கு ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இந்த விஷம் ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. 98 என்று காட்டிச் சிரிக்கும். பரிசோதனைத் தாளில் ரத்தம் எடுத்த நேரம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"போனில் சொல்லிட்டேனே"

எழுத்தில் கொடுங்கள்.

பில்லில் இருக்கும் பெயரை அப்படியே எழுதுவது

பில் முதலாளி பெயரில் இருக்கும், உரிமமும் அவருக்கு இருக்கும், வந்து வேலை செய்தது உரிமம் இல்லாத உதவியாளராக இருக்கும். புகாரில் முதலாளி பெயர் மட்டும் இருந்தால், நான் அந்த வீட்டுக்கே போகவில்லை என்பார். பொய்யும் இல்லை! வந்தவர் யார், அடையாள அட்டை காட்டினாரா, எந்த எண்ணிலிருந்து அழைத்தார் என்பதைத் தனியாக எழுதுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் திணிப்பது

கேஸை நிறுத்துவது விநியோகிப்பவர் வேலை, உரிமத்தைப் பறிப்பது உரிமம் கொடுத்தவர் வேலை, பணத்தைத் திரும்ப வாங்கித் தருவது நுகர்வோர் வழக்கு. மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூவரும் அது மற்றவர் பாடு என்று ஒதுக்கிவிடுவார்கள். மூன்று கடிதம் எழுதுங்கள். நடந்ததைச் சொல்லும் பத்தி ஒன்றாக இருக்கட்டும், கடைசியில் கேட்பது மட்டும் மாறட்டும்.

சமாதானக் கையெழுத்து

புகார் போனது தெரிந்ததும் மெக்கானிக் பணத்தோடு வருவார், கூடவே ஒரு தாளும் வரும். "பணம் பெற்றுக்கொண்டேன், வேலையில் எந்தக் குறையும் இல்லை" என்று இருக்கும். முதல் பாதி உண்மை. அதற்குக் கையெழுத்துப் போடுவதில் தவறில்லை. இரண்டாம் பாதியை அடித்துவிட்டு, அடித்த இடத்தில் ஒரு சுருக்கக் கையெழுத்தும் போடுங்கள். மறுத்தால் பணத்தை எடுத்துக்கொண்டு போகட்டும்.