முதல் ஆர்.வி. பயணம்: தேசியப் பூங்காவில் இடம் பிடிப்பதிலிருந்து டேங்க் காலி செய்வது வரை

அமெரிக்காவில் முதல் முறை ஆர்.வி. (படுக்கை, சமையல், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) எடுப்பவர்களுக்கு வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, வேலையை வரிசை மாற்றிச் செய்வதால் வருபவை. வண்டியைப் பேசி முடித்துவிட்டு இடத்தைத் தேடுவார்கள். அந்த வண்டி அந்த இடத்துக்குள் நுழையாது. வண்டியைச் சமப்படுத்தும் முன் ஸ்லைடைத் (உள்ளே இடம் கூட வெளியே நீளும் சுவர்ப் பகுதி) திறப்பார்கள். வால்வு மூடியிருக்கிறதா என்று பார்க்காமல் கழிவுக் குழாயின் மூடியைத் திருகுவார்கள். அதனால் இந்த விளக்கம் முழுக்க, எதை முதலில் செய்ய வேண்டும், ஏன் முதலில் என்ற வரிசையிலேயே போகிறது.

இடம் முதலில், வண்டி அப்புறம்

பூங்காக்களுக்குள் இருக்கும் கேம்ப்கிரவுண்டுகள் (வண்டியோ கூடாரமோ போட்டுத் தங்கும் இடங்கள்) பல, இன்றைய பெரிய வண்டிகள் வருவதற்கு முன்பே போடப்பட்டவை. கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் உள்ள மேத்தர் கேம்ப்கிரவுண்டில் 30 அடிக்கு மேற்பட்ட வண்டிக்கு இடம் கிடையாது, மின்சார இணைப்பும் கிடையாது. அதே ஊரில் உள்ள டிரெய்லர் வில்லேஜில் தண்ணீர், கரண்ட், கழிவுநீர் மூன்றும் உண்டு. 50 அடி வண்டி வரை நிற்கலாம். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் இந்த மூன்று இணைப்பும் உள்ள ஒரே இடம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்.வி. பார்க். கரடி நடமாட்டம் உள்ள பகுதி என்பதால் கூடாரத்துக்கும், துணிச் சுவர் கொண்ட வண்டிக்கும் அங்கே அனுமதி இல்லை. சயான் பூங்காவின் வாட்ச்மேன் கேம்ப்கிரவுண்டில் பல இடங்களில் கரண்ட் மட்டும் உண்டு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், கழிவைப் பொது டம்ப் ஸ்டேஷனில் கொட்ட வேண்டும்.

சாலைகளுக்கும் அளவு உண்டு. கிளேசியர் பூங்காவின் கோயிங்-டு-தி-சன் சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டியோ, கண்ணாடிகளையும் சேர்த்து 8 அடிக்கு மேல் அகலமான வண்டியோ போகக்கூடாது. வாடகைக்குக் கிடைக்கும் கிளாஸ் சி வண்டிகளில் (ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் வகை) பெரும்பாலானவை இதைத் தாண்டிவிடும். 1930-ல் திறந்த சயான் சுரங்கப்பாதை அந்தக் காலத்துக் கார்களுக்காகக் குடைந்தது. 11 அடி 4 அங்குலத்துக்குமேல் உயரமோ 7 அடி 10 அங்குலத்துக்குமேல் அகலமோ உள்ள வண்டி தன் பாதையிலேயே அதற்குள் போக முடியாது. கிழக்கிலிருந்து சயானுக்கு வருவதாக இருந்தால், பூங்காவின் தளத்தில் பெரிய வண்டிகளுக்கான அன்றைய விதியைப் பார்த்த பிறகுதான் வழியை முடிவு செய்ய வேண்டும்.

எங்கள் பரிந்துரை: நான்கு பேருக்கு 25 அடிக்குள் ஒரு கிளாஸ் சி. பின்பக்க ஏணி, சைக்கிள் தாங்கி எல்லாம் சேர்த்து மொத்த நீளம், ஏ.சி. பெட்டியைச் சேர்த்து மொத்த உயரம் ஆகிய இரண்டையும் வாடகை நிறுவனத்திடம் கேட்டு ஒரு சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தாழ்வான பாலத்தையோ பெட்ரோல் பங்க் கூரையையோ பார்க்கும் நொடியில் நினைவிலிருந்து தேட நேரம் இருக்காது.

முன்பதிவு

கூட்டாட்சி நிலங்களில் உள்ள பெரும்பாலான கேம்ப்கிரவுண்டுகளுக்கு ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில்தான் பதிவு. மேத்தர், வாட்ச்மேன் போன்றவற்றுக்குத் தங்கும் நாளுக்கு 6 மாதம் முன்பே திறக்கும். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் முகாம்களுக்கு முறை வேறு: மாதத்தின் 15-ம் தேதி, பசிபிக் நேரம் காலை 7 மணிக்கு, ஒரு மாதத்துக்கான இடங்கள் மொத்தமாகத் திறக்கும். கோடை நாட்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். முந்தைய நாளே கணக்கு தொடங்கி, கார்டு விவரத்தைச் சேமித்து, பிடித்த நான்கைந்து இடங்களின் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் வில்லேஜும் ஃபிஷிங் பிரிட்ஜும் அந்தத் தளத்தில் இருக்காது. அவற்றை நடத்தும் நிறுவனங்களின் தளங்களில் பதிய வேண்டும்.

ஒவ்வொரு இடத்தின் விவரத்திலும் அதிகபட்ச வண்டி நீளம், பாதையின் வகை இரண்டும் இருக்கும். புதியவர்கள் புல்-த்ரூ இடத்தைத் தேடுங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம், ரிவர்ஸ் எடுக்கும் வேலையே இல்லை.

உள்ளே கிடைக்காவிட்டால் வாசல் ஊர்கள் இருக்கின்றன: யெல்லோஸ்டோனுக்கு வெஸ்ட் யெல்லோஸ்டோன், சயானுக்கு ஸ்பிரிங்டேல், கிராண்ட் கேன்யனுக்கு டுசயான். சயானைப் பொறுத்தவரை ஸ்பிரிங்டேலில் தங்குவது குறையே இல்லை. ஷட்டில் பஸ் ஓடும் பருவத்தில் சயான் கேன்யன் சாலைக்குள் சொந்த வண்டிகளை விடுவதில்லை. எப்படியும் பஸ்ஸில்தான் போகப் போகிறீர்கள். யெல்லோஸ்டோன் அப்படியல்ல. அங்கே வெளியே தங்கினால் தினமும் பூங்காவுக்குள் நீண்ட தூரம் ஓட்ட வேண்டும், ஆர்.வி. நிறுத்த இடமும் தேட வேண்டும். அதனால் காலை 8 மணிக்கு முன்பே உள்ளே போய்விடுவது நல்லது.

வாடகை வண்டியைக் கையில் வாங்கும்போது

விளக்கம் சொல்பவரை போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு இவற்றை நீங்களே செய்து பாருங்கள்: ஜெனரேட்டரை ஓட்டி, ஏ.சி.யைப் போட்டு 10 நிமிடம் விடுங்கள். சுமை இல்லாமல் ஓடும் ஜெனரேட்டர் எதையும் நிரூபிக்காது. ஸ்லைடைத் திறந்து மூடுங்கள். தண்ணீர் மோட்டாரைப் போட்டு எல்லாக் குழாய்களையும் திறந்து, சிங்க்குக்கு அடியில் கசிவு பாருங்கள். கார்பன் மோனாக்சைடு, கேஸ் அலாரம் இரண்டின் சோதனைப் பொத்தானையும் அழுத்துங்கள். கழிவு ஹோஸை விரித்து வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா பாருங்கள். வண்டியில் இருப்பது புரொப்பேனில் ஓடும் ஃபிரிட்ஜ் என்றால் அது குளிர் ஏறப் பல மணி நேரம் ஆகும். முந்தைய இரவே ஓட விடச் சொல்லிக் கேளுங்கள், உணவைக் குளிர்ந்த நிலையிலேயே வையுங்கள்.

ஓட்டுவதில் கற்க வேண்டியது ஒன்றுதான், பின்பக்க வீச்சு. பின் சக்கரத்துக்குப் பின்னால் நிறைய உடல் நீண்டிருப்பதால், வலப்பக்கம் திரும்பும்போது வால் இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க் தூண்கள் இடிபடுவது இப்படித்தான். காலி வாகன நிறுத்தத்தில் ஒரு கோட்டை ஒட்டி நிறுத்தி, ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல நகர்த்துங்கள். ஒருவர் வெளியே நின்று வால் எத்தனை அடி கோட்டைத் தாண்டுகிறது என்று பார்த்துச் சொல்லட்டும். மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராதீர்கள், சூடேறிப் பிடிப்பு போய்விடும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள்.

இடத்துக்கு வந்ததும்

1. இறங்கிச் சுற்றிப் பாருங்கள். தாழ்ந்த கிளை, பாறை, ஸ்லைடு திறக்கும் பக்கம் இருக்கும் மேசை, கரண்ட் பெட்டி எந்தப் பக்கம் என்பதையெல்லாம் கவனியுங்கள். வண்டியின் இணைப்புகள் ஓட்டுநர் பக்கம்தான் இருக்கும்.

2. ரசமட்டத்தை வண்டிக்குள் தரையில் வைத்து முதலில் இட-வல மட்டம் பாருங்கள். தாழ்ந்த பக்கச் சக்கரங்களுக்கு முன் லெவலிங் பிளாக்குகளை அடுக்கி மெல்ல ஏற்றுங்கள். பின்சக்கரம் இரட்டையாக இருந்தால் இரண்டுமே பிளாக்கின் மேல் உட்கார வேண்டும். அடுத்து முன்-பின் மட்டம். பிறகு பார்க்கிங் பிரேக், சக்கரங்களுக்குத் தடைக்கட்டை. வண்டி சாய்ந்து நின்றால் குளியலறைத் தண்ணீர் வடியாது. புரொப்பேன் ஃபிரிட்ஜில் திரவம் சுற்றாமல் தேங்கிக் குளிர் ஏறாது.

3. கரண்ட் பெட்டியின் பிரேக்கரை அணைத்துவிட்டு, சர்ஜ் ப்ரொடெக்டரைச் (மின் கோளாறிலிருந்து வண்டியைக் காக்கும் கருவி) செருகுங்கள். பிரேக்கரைப் போட்டு ப்ரொடெக்டரின் விளக்குகளைப் பாருங்கள். சரி என்று காட்டினால் மறுபடி அணைத்து, வண்டியின் கேபிளைச் செருகிப் பிரேக்கரைப் போடுங்கள். பிழை காட்டினால் கேபிளைச் செருகாமல் அலுவலகத்தில் சொல்லி இடம் மாற்றிக் கேளுங்கள்.

4. குடிநீர்க் குழாயைத் திறந்து அரை நிமிடம் ஓட விடுங்கள். குழாய் வாயில் முதலில் பிரஷர் ரெகுலேட்டர் (தண்ணீர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), அப்புறம் ஹோஸ். ரெகுலேட்டரை வண்டிப் பக்கம் மாட்டினால் ஹோஸுக்குப் பாதுகாப்பு இல்லை. 40 முதல் 50 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும்.

5. வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று போய்த் தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். அதன் பிறகே ஹீட்டர். ஹீட்டரின் டேங்க் காலியாக இருக்கும்போது மின்சாரத்தில் அதைப் போட்டால் அதன் காயில் எரிந்துவிடும்.

6. கடைசியாக ஸ்லைடு.

30 ஆம்பியர் கணக்கு

இந்த அளவு வண்டிகளுக்கு வழக்கமான இணைப்பு 30 ஆம்பியர். அதை 120 வோல்ட்டால் பெருக்கினால் 3,600 வாட். இதற்குள்தான் எல்லாம். ஓடும் ஏ.சி. சுமார் 13 முதல் 15 ஆம்பியர் எடுக்கும். மைக்ரோவேவ் 12 அல்லது 13. மின்சாரத்தில் ஓடும் வாட்டர் ஹீட்டர் சுமார் 12. 1,500 வாட் கெட்டில் 12.5. ஆக ஏ.சி. ஓடும்போது பெரிய சாதனம் இன்னும் ஒன்றுதான், மூன்றாவதைப் போட்டால் பிரேக்கர் விழும். வாட்டர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் புரொப்பேனுக்கு மாற்றிவிட்டால் மூச்சுவிட இடம் கிடைக்கும். ஏ.சி.யின் சத்தம் மாறி வோல்ட்டேஜ் 105-க்குக் கீழே போனால் உடனே அணையுங்கள். குறைந்த வோல்ட்டேஜில் கம்ப்ரஸர் அதிகக் கரண்டை இழுத்துச் சூடாகும். வெயில் மாலைகளில் மொத்தக் கேம்ப்கிரவுண்டும் ஏ.சி. போடும்போது இது நடக்கும்.

இணைப்பு இல்லாத இரவுகள்

100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் செலவழிக்கலாம், 50. இரவில் பேட்டரியைத் தின்பது விளக்கு அல்ல, ஹீட்டிங்கின் விசிறி. அது 7 ஆம்பியர் எடுத்து, 8 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 28 ஆம்பியர்-மணி போய்விடும். ஃபிஷிங் பிரிட்ஜ் ஏறத்தாழ 7,800 அடி உயரத்தில் இருக்கிறது. அவ்வளவு உயரத்தில் கோடை இரவுகளும் நடுக்கும். கனமான போர்வை எடுத்துப் போய் ஹீட்டரைக் குறைத்து வைப்பதுதான் பேட்டரிக்கு நல்லது.

ஜெனரேட்டருக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. யோசெமிட்டியில் காலை 7 முதல் 9, நண்பகல் 12 முதல் 2, மாலை 5 முதல் 7 வரை மட்டும். வண்டியின் பெட்ரோல் டேங்கிலிருந்தே அது எரிபொருள் எடுக்கும். டேங்க் சுமார் கால்பங்குக்கு வந்ததும் பெரும்பாலான வண்டிகளில் நின்றுவிடும். நீங்கள் ஊர் திரும்ப முடிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது, பழுது அல்ல.

தண்ணீர் விஷயத்தில் முதலில் நிரம்புவது சிங்க், ஷவர் தண்ணீர் சேரும் கிரே டேங்க். ஷவரைத் திறந்தபடி 5 நிமிடம் குளித்தால் ஏறக்குறைய 10 காலன் (ஒரு காலன் சுமார் 3.8 லிட்டர்). நனைத்து, மூடி, சோப்புப் போட்டு, அலசினால் 3 காலனுக்குள் முடியும். 40 காலன் தண்ணீரில் நான்கு பேர் இரண்டு நாள் இருக்க வேண்டுமென்றால் இப்படித்தான் குளிக்க வேண்டும்.

டேங்க் காலி செய்தல்

எல்லோரும் பயப்படும் வேலை. முறை தெரிந்தால் கால் மணி நேரம்.

கழிப்பறைக் கழிவு போவது பிளாக் டேங்க். சிங்க், ஷவர் தண்ணீர் போவது கிரே டேங்க். முழு இணைப்பு உள்ள இடத்தில் நின்றாலும் பிளாக் டேங்க் வால்வை எப்போதும் மூடியே வையுங்கள். திறந்து வைத்தால் திரவம் ஓடிவிடும், திடக்கழிவு மட்டும் கழிப்பறைக்கு நேர் கீழே குவிந்து இறுகும். பிறகு எதை ஊற்றினாலும் அசையாது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு திறந்தால் தண்ணீரின் எடையே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். தாராளமாகத் தண்ணீர் விட்டு ஃபிளஷ் செய்யுங்கள். இங்கே சிக்கனம் ஆபத்து. டாய்லெட் பேப்பரைத் தண்ணீர் உள்ள பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். தூளாகக் கரைந்தால் அதைப் பயன்படுத்தலாம். ஈர டிஷ்யூ வேண்டவே வேண்டாம், ஃபிளஷ் செய்யலாம் என்று உறையில் போட்டிருந்தாலும்.

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வால்வுகளையும் உள்ளே தள்ளிப் பாருங்கள், மூடியிருக்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது கொஞ்சம் சொட்டும், அடியில் ஒரு வாளி வையுங்கள். ஹோஸை வண்டியின் வாயில் பொருத்தித் திருகி, கொக்கிகள் இரண்டும் பிடித்திருக்கின்றனவா என்று இழுத்துப் பாருங்கள். மறுமுனையைத் தரைத் துளைக்குள் செருகி, மேலே கனமாக ஏதாவது வையுங்கள். வேகமாக வரும்போது ஹோஸ் துள்ளும்.

முதலில் பிளாக் வால்வு. ஒரே இழுப்பில் முழுக்கத் திறந்துவிடுங்கள். கடகடவென்ற சத்தம் அடங்கியதும் மூடி, கழிப்பறை வழியாக இரண்டு மூன்று வாளித் தண்ணீர் ஊற்றி மறுபடி திறக்க வேண்டும். ஹோஸின் முனையில் கண்ணாடி போன்ற வளைவு இருந்தால் நிறம் தெரியும். தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். பிளாக் வால்வை மூடிய பிறகே கிரே வால்வு. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டே போகும். கிரேயை முதலில் விட்டால் இந்தப் பயன் போய்விடும்.

இரண்டையும் மூடி, ஹோஸை முதலில் வண்டிப் பக்கம் கழற்றி, உயர்த்தித் துளைக்குள் வடியவிடுங்கள். குடிநீர் அல்ல என்று எழுதிய குழாயால் அலசுங்கள். குடிநீர் ஹோஸை இந்தப் பக்கமே கொண்டுவரக் கூடாது, கையுறையோடு தொடவும் கூடாது. கடைசியாக பிளாக் டேங்கில் 2 முதல் 3 காலன் தண்ணீரும் டேங்க் மருந்தும் விடுங்கள். வெறும் டேங்கில் விழும் முதல் கழிவுதான் ஒட்டிக்கொண்டு பிறகு நாறும். காலி செய்த பிறகும் மீட்டர் மூன்றில் இரண்டு என்று காட்டினால் பதற வேண்டாம். சென்சாரில் பேப்பர் ஒட்டியிருக்கும்.

கரடி இருக்கும் இடத்தில்

உணவு, குளிர்பெட்டி, பாத்திரம், பற்பசை எதுவும் வெளியே மேசையில் இருக்கக் கூடாது. வண்டிக்குள் வைத்து ஜன்னல்களை மூடுங்கள். யெல்லோஸ்டோனில் கரடி, ஓநாயிடமிருந்து 100 கெஜம், காட்டெருமை, எல்க் மானிடமிருந்து 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும். காட்டெருமை உங்கள் கதவுக்கு எதிரே மேய்ந்தால் உள்ளேயே இருங்கள், அது போகும்வரை.

கிளம்பும்போது

வரிசை தலைகீழ்: ஸ்லைடு உள்ளே, கழிவு, தண்ணீர், கரண்ட். கரண்டைக் கழற்றும் முன் ஏ.சி.யை அணைத்து, பெட்டியின் பிரேக்கரை அணையுங்கள். அலமாரிகளையும் ஃபிரிட்ஜ் கதவையும் பூட்டுங்கள், படிக்கட்டை மடியுங்கள், புரொப்பேனை மூடுங்கள். ஒருவர் பிளாக்குகளைப் பார்த்துக்கொள்ள, வண்டியை அவற்றிலிருந்து இறக்கி 20 அடி முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். பிறகு இறங்கிப் போய், நின்றிருந்த இடத்தைப் பாருங்கள். ரெகுலேட்டர் குழாயிலேயே இருக்கும். தடைக்கட்டை ஒன்று புல்லில் கிடக்கும்.