முட்டிச்சில்லு விலகுற நாய்க்குட்டியை வீட்டுக்குக் கூட்டிட்டு வரலாமா? சரின்னு சொல்றதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது

போட்டோல பாத்தா பஞ்சு மூட்டை மாதிரி இருக்கும், கீழ ஒரே ஒரு வரி போட்டிருப்பாங்க, "பின்னங்கால் முட்டில சின்ன பிரச்சனை, மத்தபடி செம ஆக்டிவ்". அந்த சின்ன பிரச்சனைங்குறது என்னன்னு கேக்காமலேயே நாம பேர் யோசிக்க ஆரம்பிச்சிடுவோம். நானும் அப்படித்தான் ஒரு பொமேரியன் குட்டியைத் தூக்கிட்டு வந்தேன் (நம்ம ஊர்ல பொமேரியன்னு சொல்றதுல நிறைய இந்தியன் ஸ்பிட்ஸ்ங்குற வேற ஜாதிதான், அது வேற கதை). வந்தப்புறம்தான் ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. எடுத்ததுக்கு வருத்தமே இல்ல, ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற மாதிரி தயாரா இருந்திருப்பேன்.

முதல்ல பிரச்சனை என்னன்னு புரிஞ்சுக்கோங்க. தொடை எலும்போட கீழ் முனைல ஒரு பள்ளம் இருக்கும், முட்டிச்சில்லு அந்தப் பள்ளத்துக்குள்ளயே மேலயும் கீழயும் ஓடணும், ஸ்லைடிங் ஜன்னல் அதோட சேனல்ல ஓடுற மாதிரி. பள்ளம் ஆழம் கம்மியா இருந்தாலோ கால் எலும்பு லேசா கோணலா வளர்ந்தாலோ சில்லு சேனலை விட்டு வெளிய வந்துடும். பொமேரியன், சிவாவா, யார்க்கி, டாய் பூடில் மாதிரி சின்ன ஜாதிகள்ல பெரும்பாலும் உள்பக்கமா விலகும், லேப் மாதிரி பெரிய நாய்ங்களுக்கு வந்தா வெளிப்பக்கமாவும் விலகலாம். இது பிறவிலயே வர்ற அமைப்பு, நிறைய குட்டிகளுக்கு ரெண்டு காலுமே இப்படி இருக்கும். அதனால "இடது கால்ல மட்டும்தான்"னு கொடுக்குறவங்க சொன்னா, வலதையும் பாத்தாச்சான்னு கேளுங்க.

நேர்ல போனா குட்டியை உடனே மடில தூக்கி வெக்காதீங்க, அங்கதான் எல்லாரும் விழுந்துடுறோம். தரையில விட்டுட்டு ஒரு அரை மணி நேரம் சும்மா உக்காந்து பாருங்க. நான் பாத்தது இப்படி: பந்தைத் துரத்திட்டு வேகமா ஓடுது, திடீர்னு ஒரு பின்னங்காலை வயித்தோட மடக்கிக்கிட்டு பசங்க நொண்டி விளையாடுற மாதிரி ரெண்டு மூணு எட்டு, அப்புறம் காலை பின்னாடி நீட்டி ஒரு உதறு, அடுத்த நொடி நாலு காலும் தரையில, எதுவுமே நடக்காத மாதிரி பந்துகிட்ட போயிடுச்சு. கத்தல, அழல. அந்த வீட்டு அக்கா "டான்ஸ் ஆடுறான் பாருங்க"ன்னு சிரிச்சாங்க. அந்த உதறல்தான் சில்லு திரும்ப பள்ளத்துக்குள்ள விழுற நேரம். எத்தனை தடவை இப்படி நொண்டுது, தூங்கி எழுந்ததும் விறைப்பா நடக்குதா, படி ஏற யோசிக்குதா, பின்னங்கால் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கா, எல்லாத்தையும் போன்ல வீடியோ எடுத்துக்கோங்க. ஆஸ்பத்திரி டேபிள் மேல ஏத்தினா பயத்துல எல்லா குட்டியும் சிலையா நிக்கும், அங்க நொண்டிக் காட்டாது.

அப்புறம் கால்நடை டாக்டர் கிட்ட போங்க, சரின்னு சொல்லிட்டு இல்ல, சொல்றதுக்கு முன்னாடி. கொடுக்குறவங்க ஏற்கனவே காட்டியிருந்தாலும் நீங்க ஒரு தடவை தனியா காட்டுறது நல்லது. எங்க டாக்டர் என் விரலைப் பிடிச்சு குட்டியோட முட்டி மேல வெச்சு, அவர் கட்டைவிரலால லேசா தள்ளினார், தோலுக்கு அடியில பட்டாணி சைஸுக்கு ஒண்ணு நழுவிப் போய் திரும்ப வந்துது. சத்தம்லாம் கேக்கல, விரலுக்குத்தான் தெரிஞ்சுது. கையால பாக்குறதுதான் இதுக்கு முக்கியமான டெஸ்ட். எக்ஸ்ரே நார்மல்னு ஒரு காகிதத்தைக் காட்டினா அதோட விட்டுடாதீங்க, படம் எடுத்த நேரத்துல சில்லு உள்ள இருந்திருந்தா படத்துல எல்லாம் சரியாத்தான் தெரியும். எலும்பு எவ்ளோ கோணல்னு பாக்கத்தான் எக்ஸ்ரே ரொம்ப உதவும்.

டாக்டர் 1லேர்ந்து 4 வரைக்கும் ஒரு கிரேடு சொல்வார். 1னா விரலால தள்ளினா விலகும், விட்டா தானா உள்ள வந்துடும், குட்டிக்கே தெரியாது. 2னா ஓடும்போது அப்பப்போ தானா விலகும், தானாவோ காலை உதறினாலோ திரும்ப வரும், நான் மேல சொன்ன நொண்டி இதுதான். 3னா சில்லு பெரும்பாலும் வெளியதான் இருக்கும், கையால உள்ள தள்ளலாம், விட்டா திரும்ப வெளிய. 4னா கையால தள்ளினாலும் உள்ள போகாது, எலும்பே முறுக்கிக்கிட்டு வளர்ந்திருக்கும், குட்டி குனிஞ்சு பதுங்கி நடக்கும். ரெண்டு காலுக்கும் தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. இன்னொண்ணு, ரெண்டு மாசக் குட்டிக்கு சொல்ற கிரேடு கடைசித் தீர்ப்பு இல்ல, வளர வளர மாறலாம், அதனால எலும்பு வளர்ச்சி முடியுற வரைக்கும் அப்பப்போ திரும்பக் காட்டணும்.

அதே மூச்சுல டாக்டர்கிட்ட இன்னொரு கேள்வியும் கேளுங்க, இது முட்டி மட்டும்தானா? சின்ன ஜாதிக் குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுல பந்து மாதிரி இருக்குற எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு அது சிதையுற வியாதி ஒண்ணு இருக்கு, அதுலயும் நொண்டும். நம்ம வீடுகள்ல பால் சோறு, தயிர் சோறு, இல்லன்னா வெறும் சிக்கன்னு போட்டு வளர்த்து கால்சியம் பத்தாம கால் வளைஞ்ச குட்டிகளும் உண்டு. அதுக்கு வைத்தியமே வேற, சாப்பாட்டை ஒழுங்கு பண்ணாலே நிறைய மாறும். அதுக்காக நீங்களா கால்சியம் சிரப் வாங்கி ஊத்த வேண்டாம், அளவு மீறினா அதுவும் எலும்பைக் கெடுக்கும்.

கிரேடு தெரிஞ்சாச்சு, இப்ப உங்க வீட்டைப் பாருங்க. என்னைக் கேட்டா முடிவு பாதிக்கு மேல இங்கதான் இருக்கு. யாருமே சொல்லாத விஷயம் தரை. நம்ம வீட்டு வழவழ டைல்ஸும் கிரானைட்டும் இந்தக் குட்டிக்கு ஐஸ் மேல நடக்குற மாதிரி, காலிங் பெல் அடிச்சா போதும், பாயுற வேகத்துல பின்னங்கால் ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சிடும். ஹால் பூரா வழுக்காத மேட் போட உங்க வீட்ல சம்மதிப்பாங்களா? எங்க வீட்ல அம்மா "வீடு மாதிரியா இருக்கு, ஜிம் மாதிரி இருக்கு"ன்னு இன்னிக்கும் சொல்றாங்க, பழைய யோகா மேட் நாலு வாங்கி வெட்டிப் போட்டிருக்கேன். கூடவே பாதத்துக்கு அடியில விரல் நடுவுல வளர்ற முடியை ட்ரிம் பண்ணணும், நகம் வெட்டணும், இல்லன்னா மேட் போட்டும் வழுக்கும். லிஃப்ட் இல்லாத மூணாவது மாடின்னா ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்கிட்டு ஏறி இறங்கணும்னு கணக்குப் போடுங்க. சோஃபாலேர்ந்து கட்டில்லேர்ந்து குதிக்குறதை நிறுத்த ஆள் இருக்கணும்.

அடுத்தது எடை. குண்டானா முட்டி மேல பாரம், பாரம் ஏறினா மூட்டுத் தேய்மானம், உள்ள இருக்குற தசைநார் கிழியுற வாய்ப்பும் கூடும். விலா எலும்பைத் தடவினா கைக்குத் தட்டுப்படணும், அதுதான் அளவு. டைனிங் டேபிள் அடியில மாரி பிஸ்கட்டும் இட்லித் துண்டும் போடுற தாத்தா உங்க வீட்ல இருந்தா முதல்ல அவரோட ஒரு ஒப்பந்தம் போடுங்க, சத்தியமா சொல்றேன் ஆபரேஷனை விட அது கஷ்டம்.

ஆபரேஷன் பத்தி. கிரேடு 1க்கு பொதுவா தேவையில்ல. 2க்கு நொண்டல் எவ்ளோ அடிக்கடி, வலி இருக்கான்னு பாத்து முடிவு பண்ணுவாங்க, நிறைய நாய்ங்க எடையும் தரையும் ஒழுங்கா இருந்தா கத்தி படாமலேயே ஓட்டிடும். 3, 4க்கு பெரும்பாலும் ஆபரேஷன்தான், அதுவும் வளர்ற குட்டியா இருந்தா எலும்பு மேலும் முறுக்கிக்கும், அதனால "பெருசாகட்டும் பாக்கலாம்"னு நாமளா தள்ளிப் போடக் கூடாது, எலும்பு டாக்டர் நேரத்தைச் சொல்லணும். பள்ளத்தை ஆழப்படுத்துவாங்க, தசைநார் ஒட்டியிருக்குற எலும்பு மேட்டை வெட்டி நேரா நகர்த்தி பின் வெச்சு நிறுத்துவாங்க, தளர்ந்த பக்கத்தை இழுத்துத் தைப்பாங்க, எது எது தேவைன்னு நாய்க்கு நாய் மாறும். முடிஞ்சப்புறம்தான் உண்மையான பரீட்சை, 6லேர்ந்து 8 வாரம் ஓட்டம் கிடையாது, குதி கிடையாது, கூண்டு இல்லன்னா தடுப்பு போட்ட ஒரு மூலை, மூச்சா போகவும் பெல்ட் போட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு பேரும் ஆபீஸ் போற வீடுன்னா அந்த ரெண்டு மாசம் யார் இருப்பாங்கன்னு பேர் சொல்ல முடியணும், "பாத்துக்கலாம்"ங்குறது பதில் இல்ல.

செலவு ஊருக்கு ஊரு மாறும், அதனால நீங்க போற இடத்துலயே எழுத்துல எஸ்டிமேட் கேளுங்க, எக்ஸ்ரே, ரத்த டெஸ்ட், மயக்க மருந்து, ஆபரேஷன், திரும்ப எக்ஸ்ரே எல்லாம் சேத்து, ரெண்டு காலுக்கும். செல்லப்பிராணி இன்சூரன்ஸை நம்பி இறங்காதீங்க, ஏற்கனவே இருக்குற வியாதிக்கு பொதுவா அவங்க தர மாட்டாங்க. சென்னைல இருக்குறவங்க வேப்பேரி வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரில காட்டலாம், 1903லேர்ந்து இருக்குற காலேஜ் அது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிலயும் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்லிடறேன், நொண்டுதேன்னு நம்ம வீட்டு பாராசிட்டமால், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எதையும் குடுத்துடாதீங்க, நாய்க்கு அது விஷம். நாய்க்கான வலி மருந்து இருக்கு, அதுவும் டாக்டர் எழுதினா மட்டும்.

கொடுக்குறவங்க கிட்ட வெக்கப்படாம கேளுங்க: அப்பா அம்மா நாய்க்கு இது இருக்கா, கூடப் பிறந்ததுங்க எப்படி இருக்கு, ஆபரேஷன் தேவைப்பட்டா செலவுல பங்கு தருவீங்களா, முடியாமப் போனா திரும்ப எடுத்துப்பீங்களா. காசு வாங்கி விக்குற ஆளா இருந்து "வளர்ந்தா தானா சரியாயிடும்"னு சொன்னா நான் அங்கேயே எழுந்துடுவேன். பரம்பரையா வர்றதால இந்தக் குட்டிக்கு கண்டிப்பா குட்டி போட விடக் கூடாது, சரியான வயசுல கருத்தடை பண்ணிடணும். "ஒரு தடவை மட்டும்"னு கேக்குற சொந்தக்காரங்க வருவாங்க, தயாரா இருங்க.

என் கணக்கு இதுதான். 1, 2ன்னா தரையும் எடையும் பாத்துக்க முடியும்னு தோணினா தயங்காம எடுங்க, என் குட்டிக்கு ரெண்டு காலும் 2 தான், நாலு வருஷமா கத்தி படல, மழை நாள்ல கொஞ்சம் மெதுவா நடப்பான், அவ்ளோதான். 3ன்னா ரெண்டு காலுக்கான காசும் அந்த ரெண்டு மாசத்துக்கு ஒரு ஆளும் கைல இருந்தா மட்டும். 4ன்னா ஏற்கனவே நாய் வளர்த்த அனுபவமும் நல்ல எலும்பு டாக்டர் பக்கத்துல இருக்குறதும் சேரணும், ஆபரேஷன் பண்ணியும் கால் முழுசா நேராகாம போகலாம்னு தெரிஞ்சு எடுக்கணும்.

வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா அன்னிக்கே போன் பண்ணி சொல்லிடுங்க. "வீட்ல கேட்டு சொல்றேன்"னு இழுத்தா அந்த ரெண்டு வாரம் குட்டியை வேற யாருக்கும் காட்டாம உங்களுக்காக வெச்சிருப்பாங்க. டாக்டர் எழுதின கிரேடு சீட்டையும் நீங்க எடுத்த வீடியோவையும் அவங்களுக்கு அனுப்பி விடுங்க, அடுத்து வர்றவங்க அதைப் பாத்துட்டு முடிவெடுப்பாங்க.