பெட்ரோலியம் இன்ஜினியரிங் படிக்கப் போகிறீர்களா? முதலில் ஒரு செங்கல்லை ஊறப் போடுங்கள்

வீட்டுப் பின்பக்கம் நாட்டுச் செங்கல் ஒன்று கிடந்தால் எடுத்து வாருங்கள். நன்றாகக் காய வைத்து, சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கெட் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, காலையில் ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். 22 செ.மீ நீளம், 10 செ.மீ அகலம், 7 செ.மீ உயரம் என்றால் செங்கல்லின் கன அளவு 1,540 மி.லி. எடை 300 கிராம் கூடியிருந்தால் 300 மி.லி தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அதாவது அந்தச் செங்கல்லில் ஏறத்தாழ 20 சதவீதம் வெற்றிடம். நீங்கள் இப்போது அளந்ததுதான் போரோசிட்டி. நிலத்துக்கடியில் எண்ணெய் ஏரி மாதிரி தேங்கி நிற்கவில்லை, இந்தச் செங்கல்லுக்குள் தண்ணீர் இருப்பதுபோல மணற்பாறை போன்ற பாறைகளின் நுண்துளைகளுக்குள்தான் இருக்கிறது.

அடுத்து தெர்மாகோல். அதில் பெரும்பகுதி காற்றுதான், ஆனாலும் தண்ணீர் உள்ளே இறங்காது, ஏனென்றால் ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் வழி கிடையாது. துளை இருப்பது ஒன்று, துளைகளுக்கு இடையே வழி இருப்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் பெயர் பெர்மியபிலிட்டி. 1856 இல் பிரான்சின் திஜோன் நகரக் குடிநீருக்காக மணல் வடிகட்டிகளைச் சோதித்துப் பார்த்த ஹென்றி டார்சி, மணலுக்குள் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் பாயும் என்று எழுதிய விதிதான் இன்றைக்கும் இந்தப் படிப்பின் முதுகெலும்பு. நாலு வருடம் நீங்கள் செய்யப்போவது இதுதான்: மூன்று கிலோமீட்டர் ஆழத்தில், கண்ணால் பார்க்கவே முடியாத ஒரு பாறையைப் பற்றி, மேலே கிடைக்கிற துண்டு துணுக்குச் சாட்சியங்களை வைத்துக் கணக்குச் சொல்வது. இது சுவாரசியமாகப் படுகிறதா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டு வருகிறவர்கள் மூன்றாம் செமஸ்டரில் சோர்ந்து போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, சேர்க்கை. தமிழ்நாட்டுக் கவுன்சிலிங் பட்டியலில் பெட்ரோலியம் என்றும் பெட்ரோகெமிக்கல் என்றும் தனித்தனியாக வரும், இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சேர்ந்துவிட்டுப் பிறகு முழிப்பவர்கள் வருடா வருடம் உண்டு. பெட்ரோலியம் என்றால் எண்ணெயைத் தேடி, துளையிட்டு, மேலே கொண்டுவருவது. பெட்ரோகெமிக்கல் என்றால் மேலே வந்த பிறகு சுத்திகரிப்பு ஆலையிலும் அதற்கு அப்புறமும் நடப்பது, கெமிக்கல் இன்ஜினியரிங்குக்கு நெருங்கிய சொந்தம். மணலி போன்ற இடத்தில் ஆலை வேலைதான் கனவு என்றால் இரண்டாவதையோ, நேரடியாகக் கெமிக்கலையோ எடுங்கள். சேரும் முன் பாடத்திட்டத்தை இறக்கிப் பார்த்து, ரிசர்வாயர் (எண்ணெய் தேங்கியிருக்கும் பாறை), டிரில்லிங் (துளையிடுவது), வெல் லாகிங் (கிணற்றுக்குள் கருவி இறக்கிப் பாறையை அளப்பது) என்ற மூன்று பாடமும் இருக்கிறதா என்று சரிபார்த்தால் போதும், பெயரில் ஏமாற மாட்டீர்கள்.

வெளிமாநிலம் போகத் தயார் என்றால் தன்பாத் ஐஐடி இருக்கிறது. 1926 இல் சுரங்கக் கல்லூரியாகத் தொடங்கி 2016 இல் ஐஐடி ஆன இடம், ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டும். பெட்ரோலியத்துக்கென்றே மத்திய அரசு அமைத்த கல்வி நிறுவனங்கள் அமேதி பக்கம் ஜாயிஸிலும் விசாகப்பட்டினத்திலும் உள்ளன. காந்திநகரிலும் டேராடூனிலும் தனியார் பல்கலைக்கழகங்கள் உண்டு, கட்டணம் அதிகம். எந்தக் கல்லூரியாக இருந்தாலும் விளம்பரத் தாளில் போட்டிருக்கும் சம்பள எண்ணை நம்பாமல், கடைசி இரண்டு பேட்ச் மாணவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று லிங்க்ட்இன்னில் ஒரு மணி நேரம் தேடிப் பாருங்கள். உண்மை அங்கேதான் தெரியும். இன்னொன்று, நிறக்குருடு இருந்தால் ரிக் (கிணறு துளையிடும் கோபுர இயந்திரம்) சார்ந்த பல வேலைகளுக்கு மருத்துவத் தகுதி கிடைப்பது கஷ்டம். நாலு வருடம் படித்து முடித்து மருத்துவப் பரிசோதனையில் தெரிந்துகொள்வதைவிட, இப்போதே கண் மருத்துவரிடம் போய் வந்துவிடலாம்.

முதல் வருடம் எல்லா இன்ஜினியரிங்கும் போலத்தான், அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆனால் அலகு விஷயத்தில் மட்டும் அன்றைக்கே விழித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் பேரல், அடி, பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்), ஏக்கர், காலனுக்கு இத்தனை பவுண்டு என்று பழைய அமெரிக்க அலகுகள் ஒரு பக்கம், நம் ஊர் ரிக்குகளில் மீட்டரும் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்பதும் இன்னொரு பக்கம். இரண்டாம் வருட வைவாவில், துளையிடும்போது கிணற்றுக்குள் ஓடவிடும் சேறான மட் அடியில் தரும் அழுத்தத்தைக் கேட்டார்கள். 0.052 பெருக்கல் மட் எடை (காலனுக்கு 10 பவுண்டு) பெருக்கல் ஆழம், சூத்திரம் சரியாகத்தான் சொன்னேன், ஆனால் ஆழம் அடியில் இருக்க வேண்டிய இடத்தில் 3,000 மீட்டரை அப்படியே போட்டு 1,560 பிஎஸ்ஐ என்று கம்பீரமாகச் சொன்னேன். சரியான விடை 5,100க்கு மேல். "இந்த மட்டை நம்பி நீ ரிக் மேல நிப்பியா?" என்று சார் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து சூத்திரத்தில் வரும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவையாவது நானே போட்டுப் பார்ப்பேன். உதாரணமாக, இருப்பிலுள்ள எண்ணெயைக் கணக்கிடும் சூத்திரத்தில் 7,758 என்று ஒரு எண் வரும், எல்லோரும் மனப்பாடம் செய்வார்கள். ஒரு ஏக்கர் என்பது 43,560 சதுர அடி, ஒரு அடி ஆழத்துக்கு 43,560 கன அடி, ஒரு பேரல் 5.615 கன அடி, வகுத்தால் 7,758. அவ்வளவுதான். இப்படிப் போட்டுப் பார்த்தவன் பரீட்சையில் மறந்தாலும் பிழைத்துக்கொள்வான்.

ஜியாலஜியை உப பாடம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இதில் ஒரு யோகம் இருக்கிறது. காவிரிப் படுகையில் டெல்டாவுக்கும் கடலுக்கும் அடியில் ஆழமாகப் புதைந்திருக்கும், டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலப் படிவுகள் அரியலூர்ப் பக்கம் தரைக்கு மேலேயே தெரிகின்றன. ரிக் போட்டு, கோடிக்கணக்கில் செலவழித்து எட்டும் கால அடுக்கை நீங்கள் பஸ் டிக்கெட் செலவில் தொட்டுப் பார்க்கலாம். காரை கிராமத்துப் பக்கம் களிமண் மேடுகளில் மழை அறுத்த பள்ளங்களும், அவற்றின் குறுக்கே வெள்ளையாக ஓடும் ஜிப்சக் கோடுகளும், கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் இருக்கும். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. மார்கழி, தை மாதத்தில் நண்பர்களோடு போங்கள், சித்திரை வெயிலில் போனால் பாறையைப் பற்றிய ஆர்வம் சுத்தமாகப் போய்விடும். எந்த அடுக்கு எண்ணெயை உண்டாக்கும், எது தேக்கி வைக்கும், எது மேலே போகவிடாமல் மூடும் என்ற மூன்று கேள்வியோடு பாருங்கள். புதைபடிவங்களைப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், படம் எடுத்தால் போதும்.

டிரில்லிங் பாடம்தான் எனக்குப் பிடித்தது, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். துளையிடுவது என்றால் எல்லோர் மனதிலும் பாறையை வெட்டும் முனையான பிட் தான் வரும். உண்மையில் கதாநாயகன் மட், அதாவது துளைக்குள் சுற்றி வரும் சேறு. பென்டோனைட் களிமண் அதைக் கொழகொழப்பாக்கும், பேரைட் தாது எடை கூட்டும். அந்தப் பேரைட் நமக்கு வெகுதூரத்திலிருந்து வருவதில்லை, ஆந்திராவின் கடப்பைப் பகுதியில் மங்கம்பேட்டை என்ற இடத்தில் உலக அளவில் பேசப்படும் சுரங்கம் இருக்கிறது. மட் குழாய் வழியாக இறங்கி, பிட்டைக் குளிர வைத்து, வெட்டிய பாறைத் துகள்களைச் சுமந்துகொண்டு மேலே வரும், ஷேல் ஷேக்கர் என்ற அதிரும் சல்லடையில் துகள் பிரியும். இதைவிட முக்கியமாக, பாறைக்குள் இருக்கும் வாயுவும் எண்ணெயும் துளைக்குள் பாயாமல் தன் எடையால் அழுத்திப் பிடித்திருக்கும். 3,000 மீட்டரில் 1.2 அடர்த்தியுள்ள மட் இருந்தால் அடியில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 360 கிலோ: ஆழத்தை அடர்த்தியால் பெருக்கிப் பத்தால் வகுங்கள், ரிக்கில் மனக்கணக்காகவே போடுவார்கள். பாறையின் அழுத்தம் அதைவிடக் கூடுதலாக இருந்தால் உள்ளே பாய்வது கிக். கிக்கை நேரத்தில் கவனிக்காவிட்டால் கிணறு கட்டுப்பாட்டை மீறிப் பீறிடும், அதுதான் புளோ அவுட்.

புளோ அவுட்டைப் புத்தகத்தில் படித்தால் மனதில் நிற்காது. 1995 ஜனவரியில் ஆந்திராவின் கோனசீமாவில் பாசர்லபூடியில் வெடித்த கிணறு இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. 2020 இல் அஸ்ஸாமின் பாக்ஜானில் மே மாதக் கடைசியில் வாயு பீறிட்டது, ஜூனில் தீப்பிடித்தது, இரண்டு தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள், நவம்பரில்தான் கட்டுக்குள் வந்தது. 2010 இல் மெக்சிகோ வளைகுடாவின் மகோண்டோ கிணற்றில் 11 பேர் இறந்தார்கள். அதன் விசாரணை அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு வாரம் உட்கார்ந்து படியுங்கள். கிணறு அடைபட்டுவிட்டதா என்று பார்க்கச் செய்த அழுத்தச் சோதனை 'இல்லை' என்றுதான் காட்டியது, அங்கிருந்தவர்கள் அதற்கு வேறு காரணம் கற்பித்துக்கொண்டு மேலே போனார்கள். அந்த ஒரு அத்தியாயம் ஒரு செமஸ்டர் வகுப்புக்குச் சமம்.

லாகிங் பாடத்துக்கு என்னுடைய ஒரே யோசனை, கலர் பென்சில். கிணற்றுக்குள் இறக்கிய கருவிகள் ஆழத்துக்கு ஆழம் அளந்து தரும் காமா ரே, ரெசிஸ்டிவிட்டி, டென்சிட்டி, நியூட்ரான் வரைபடங்களை அச்செடுத்து, மணலாகத் தெரிவதை மஞ்சளாலும் களிமண் பாறையான ஷேலைப் பச்சையாலும் தீட்டுங்கள், டென்சிட்டியும் நியூட்ரானும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடத்தைச் சிவப்பால் காட்டுங்கள், அங்கே வாயு இருக்க வாய்ப்பு அதிகம். பத்துக் கிணறு தீட்டிய பிறகு பாறைத் துளைகளில் எவ்வளவு பங்கு தண்ணீர் என்று கணக்கிடும் ஆர்ச்சியின் 1942 ஆம் ஆண்டுச் சமன்பாட்டுக்குப் போனால் அது தானாகப் புரியும். முதலிலேயே போனால் வெறும் எழுத்துக்கள்.

தரவு எங்கே கிடைக்கும் என்கிறீர்களா? வட கடலின் நார்வேப் பகுதியில் 2008 முதல் 2016 வரை உற்பத்தி செய்து மூடப்பட்ட வோல்வே என்ற எண்ணெய் வயலின் மொத்தத் தரவையும் ஈக்வினார் நிறுவனம் 2018 இல் பொதுவில் விட்டுவிட்டது. லாக் வரைபடங்கள், பாறை அடுக்கைக் காட்டும் நில அதிர்வு அளவீடுகள், தினசரி உற்பத்தி எல்லாம் உண்டு. பைத்தான் அடிப்படை தெரிந்தால் போதும். ஒரு கிணற்றின் உற்பத்தியில் முதல் பாதியை மட்டும் எடுத்து, கிணற்றின் உற்பத்தி நாளாக ஆகக் குறையும் விதத்தைச் சொல்ல ஆர்ப்ஸ் 1945 இல் தந்த சரிவுக் கோட்டைப் பொருத்தி, மீதிப் பாதியைக் கணித்துப் பிறகு உண்மையோடு ஒப்பிடுங்கள். தப்பாகத்தான் வரும். ஏன் தப்பானது, வால்வை நடுவில் குறைத்தார்களா, தண்ணீர் ஏறியதா என்று தேடிப் போங்கள், அதையே ஃபைனல் இயர் புராஜெக்ட்டாக எழுதலாம். சிமுலேஷன் மென்பொருளுக்கு உரிமம் எக்கச்சக்க விலை, கல்லூரியில் இல்லையென்றால் ஓபிஎம் ஃப்ளோ இலவசம்.

இன்டர்ன்ஷிப்புக்குக் காரைக்காலில் இருக்கும் ஓஎன்ஜிசி காவிரி அலுவலகத்துக்கு எழுதலாம். மே மாத விடுமுறைக்கு மே மாதத்தில் எழுதாதீர்கள், கல்லூரிக் கடிதத்தோடு நாலு மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும். பதில் வராவிட்டால் ஒரு தடவை மரியாதையாக நினைவூட்டுங்கள். ரிக்குக்குப் போகும் அன்று நல்ல ஷூ, முழுக்கை பருத்திச் சட்டை, சின்ன நோட்டு. போன் உள்ளே அனுமதி கிடையாது என்றால் முகத்தைச் சுளிக்காதீர்கள், எரிவாயு இருக்கும் இடம். இன்ஜினியர் சாரிடம் மட்டும் கேள்வி கேட்டுவிட்டு வந்தால் பாதிதான் கற்பீர்கள். ஷேக்கர் பக்கத்தில் பல வருடமாக நிற்கும் அண்ணனிடம், கிக் வரும்போது முதலில் எது மாறும் என்று கேளுங்கள்.

வேலை விஷயம் கொஞ்சம் கசப்பு. நீங்கள் சேரும்போது இருக்கும் எண்ணெய் விலையும் முடிக்கும்போது இருக்கும் விலையும் ஒன்றல்ல. 2014 நடுவில் பேரல் 100 டாலருக்கு மேல், அதை நம்பிச் சேர்ந்தார்கள், 2016 தொடக்கத்தில் 30க்குக் கீழே போனது. 2016 இல் சேர்ந்தவர்கள் 2020 இல் வெளியே வந்தபோது ஏப்ரல் 20 அன்று அமெரிக்கச் சந்தையில் விலை பூஜ்ஜியத்துக்கும் கீழே, மைனஸ் 37 டாலர். அதனால் மூன்றாம் வருடத்திலிருந்தே இரண்டாவது கதவு ஒன்றைத் திறந்து வையுங்கள். கேட் தேர்வில் 2017 முதல் பெட்ரோலியத்துக்குத் தனித் தாள் உண்டு, பொதுத்துறை வேலைக்கும் எம்டெக்குக்கும் உதவும், ஆனால் எந்த நிறுவனம் எந்த வருடம் கேட் மதிப்பெண்ணை எடுக்கும் என்பது அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும். எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்து அறுநூறில் ஒரு பங்காகச் சுருக்கிக் கொண்டுவரும் எல்என்ஜி முனையம் எண்ணூரிலேயே இருக்கிறது. வீட்டுக் குழாய் எரிவாயு, புவிவெப்பம், கார்பனைப் பாறைக்குள் திருப்பி அனுப்புவது என்று எல்லாவற்றுக்கும் டார்சி விதி, குழாய், அழுத்தம் தெரிந்த ஆள் வேண்டும். விருப்பப் பாடம் எடுக்கும்போது எது சுலபமாக மார்க் தரும் என்று பார்க்காமல் இதில் ஒன்றை எடுங்கள். கடல் ரிக் வேலையென்றால் தினம் 12 மணி நேரம், 14 நாள் உள்ளே, 14 நாள் வீட்டில் என்பது மாதிரியான சுழற்சி. தீபாவளி எந்தப் பக்கம் விழும் என்பது உங்கள் கையில் இல்லை.

டெல்டாப் பிள்ளையாக இருந்தால் இன்னொரு கேள்வி வீட்டுக்குள்ளேயே வரும். எங்கள் பெரியப்பா கேட்டார், "நம்ம வயலத் தோண்டுற படிப்பாடா இது?" என்று. எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்து 2017 இல் நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடின, 2020 இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகி, புதிய எண்ணெய், எரிவாயுத் தேடலுக்கு அங்கே சட்டப்படி தடை வந்தது. மழுப்பாதீர்கள். நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க முதலில் நிலத்தடி நீரை இறைக்க வேண்டும், சாதாரண எரிவாயுக் கிணற்றுக்கு அப்படி இல்லை, ஷேல் வாயுவுக்குப் பாறையை நீரால் பிளக்க வேண்டும். இந்த மூன்றையும் குழப்பாமல் பெரியப்பாவுக்குப் புரியும் தமிழில் சொல்லப் பழகுங்கள். எங்கே கசிந்தது, கிணற்றின் இரும்புக் குழாயான கேஸிங்கைச் சுற்றி அடைக்கும் சிமென்ட் ஏன் தோற்றது, யார் பொறுப்பேற்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு அவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் கேஸிங் சிமென்ட் எத்தனை வருடம் தாங்கும் என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை, அடுத்த செமஸ்டர் சிமென்டிங் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.