முதல் கிளேஸை நீங்களே கலப்பதற்கான செய்முறை: தண்ணீரின் அளவைத் தராசில் காணுங்கள்

சக்கரத்தில் கை ஓரளவு படிந்து, முதற்சூளை (பூச்சில்லாமல் முதலில் சுடுவது) கண்ட கலங்கள் அலமாரியில் சேரத் தொடங்கியதும், அவற்றின் மேல் பூசும் கிளேஸை, அதாவது சூளையில் உருகிக் கண்ணாடிப் படலமாகும் பூச்சை, வாங்குவதா, சொந்தமாகக் கலப்பதா என்ற கேள்வி எழும். ஒரேயொரு அடிப்படைக் கிளேஸையாவது தொடக்கத்திலேயே நீங்கள் சொந்தமாகக் கலக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிக் கலந்தவருக்குத்தான் சூளையிலிருந்து வெளிவரும் குறை மண்ணால் வந்ததா, பூச்சின் கனத்தால் வந்ததா, வெப்பத்தால் வந்ததா என்று பிரித்தறிய முடியும். மின்சூளையில் கோன் 6 வரை சுடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன் (கோன் என்பது குறிப்பிட்ட சூட்டில் வளைந்து சாயும் சிறு கூம்பு; அதன் எண்ணே சுடும் அளவைக் குறிக்கும்). வனைதலும் முதற்சூளையும் உங்களுக்குப் பழகியவை என்று கொள்கிறேன்.

படி 1: மண்ணின் கோனை உறுதி செய்தல்

கிளேஸ் எந்தக் கோனில் உருகுகிறதோ, அதே கோனில் மண்ணும் முதிர வேண்டும். கோன் 06 முதல் 04 வரை (சுழியில் தொடங்கும் எண்கள் கோன் 6-ஐவிட மிகக் குறைந்த சூட்டைக் குறிப்பவை; அவற்றில் 06-ஐவிட 04 சூடு கூடியது) சுட வேண்டிய செம்மண்ணைக் கோன் 6-க்கு ஏற்றினால் அது உருக்குலைந்து, சூளைப் பலகையையும் கெடுத்துவிடும். பொட்டலத்தின் மேல் ‘கோன் 6–10’ என்று அகன்ற எல்லை அச்சிட்ட மண்ணைத் தொடக்கநிலையினர் தவிர்ப்பது நல்லது என்பேன். கோன் 10-இல் முதிரும் மண், கோன் 6-இல் பெரும்பாலும் நீரை உறிஞ்சும் நிலையிலேயே நின்றுவிடும்.

இதைச் சோதிப்பது எளிது. கிளேஸ் பூசாமல் கோன் 6-இல் சுட்ட ஒரு துண்டை எடைபோட்டு, ஐந்து மணி நேரம் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஒரு நாள் முழுவதும் அந்த நீரிலேயே ஊறவிட்டு, மேல் ஈரத்தைத் துணியால் ஒற்றியெடுத்து மீண்டும் எடைபோடுங்கள். 200 கிராம் துண்டு 204 கிராம் ஆனால், அது உறிஞ்சிய நீர் 2 விழுக்காடு. உணவுக் கலங்களுக்கு இதற்கு மேல் போகாத மண்ணையே நான் தேர்ந்தெடுப்பேன்.

படி 2: கருவிகள்

செலவழிக்க வேண்டிய இடங்கள் இரண்டுதான்: தராசும் சுவாசக் கவசமும். அடிப்படைக் கலவைக்கு 0.1 கிராம் வரை காட்டும் தராசு போதும். ஆனால் பின்னாளில் கோபால்ட் போன்ற நிறமிகளைச் சிறு கிண்ணங்களில் சோதிக்கும்போது 0.4 கிராமுக்கும் குறைவாக நிறுக்க நேரும் என்பதால், முதலிலேயே 0.01 கிராம் காட்டும் ஒன்றை வாங்கிவிடுவது நல்லது. இவற்றோடு 80 மெஷ் (ஓர் அங்குலத்திற்கு 80 கண்கள்) சல்லடை ஒன்று, மூடியுள்ள வாளிகள் இரண்டு, 100 மி.லி. கொள்ளும் ஊசியற்ற பெரிய சிரிஞ்சு ஒன்று ஆகியவை வேண்டும். கையில் பிடித்துக் கலக்கும் மின்கலக்கி இருந்தால் வேலை விரைவாகும், இல்லாவிட்டாலும் குறையில்லை.

சுவாசக் கவசம் பற்றி விட்டுக்கொடுக்க முடியாது. கிளேஸ் பொடிகளில் உள்ள சிலிக்காவின் நுண்துகள் நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் நோயைத் தரும், படிந்த தூசை வெளியேற்ற வழியில்லை. துணி முகக்கவசம் இதற்குப் பயன்படாது. என்95 அல்லது அதனினும் மேலான வடிகட்டி வேண்டும். சிந்திய பொடியைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

படி 3: சோதனை வில்லைகள்

கலங்களுக்கு எடுக்கும் அதே மண்ணில், செங்குத்தாக நிற்கக்கூடிய ‘எல்’ வடிவத் துண்டுகளைச் செய்து, கலங்களோடு சேர்த்தே முதற்சூளையில் சுட்டுக்கொள்ளுங்கள். கிடைமட்ட வில்லையில் கிளேஸ் வழிகிறதா என்பது தெரியாது. செங்குத்துப் பக்கத்தில் சில கீறல்களோ புடைப்புகளோ இருந்தால், விளிம்புகளில் கிளேஸ் எப்படி மெலிந்து நிறம் மாறுகிறது என்பதையும் பார்க்கலாம். அடியில் எண் எழுத, தண்ணீரில் குழைத்த இரும்பு ஆக்ஸைடைப் பயன்படுத்துங்கள். சாதாரணப் பேனா மை சூளையில் எரிந்து மறைந்துவிடும்.

படி 4: நிறுத்தலும் சலித்தலும்

கோன் 6-க்கு நான் பரிந்துரைப்பது பலரும் கையாளும் ஒரு நிறமற்ற பளபளப்புக் கிளேஸ். ஃபெரோ 3134 ஃப்ரிட் (முன்பே உருக்கிப் பொடித்த கண்ணாடி), பொட்டாஷ் ஃபெல்ஸ்பார், வொல்லஸ்டோனைட், கயோலின், சிலிக்கா ஆகிய ஐந்தும் தலா 20 பங்கு. 500 கிராம் கலவைக்கு ஒவ்வொன்றும் 100 கிராம். சிலிக்கா தனியாக உருக 1700 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வேண்டும். ஃப்ரிட்டிலுள்ள போரானும் சோடியமும், ஃபெல்ஸ்பாரின் பொட்டாசியமும், வொல்லஸ்டோனைட்டின் கால்சியமும் சேர்ந்து அதனை ஏறத்தாழ 1220 டிகிரியிலேயே உருகச் செய்கின்றன. கயோலின் தரும் அலுமினா, உருகிய கண்ணாடி கலத்தின் சுவரிலிருந்து வழிந்தோடாமல் பிடித்துவைக்கிறது. நீரில் துகள்கள் மிதந்து நிற்பதற்கும் அதே கயோலின்தான் துணை.

வாளியில் முதலில் 400 மி.லி. தண்ணீரை ஊற்றி, அதன்மேல் பொடிகளை மெல்லக் கொட்டுங்கள். பொடியின் மேல் தண்ணீர் ஊற்றினால் தூசு கிளம்பும். சில மணி நேரம் ஊறவிட்டு, நன்கு கலக்கி, இரண்டு முறை சலியுங்கள்.

படி 5: தண்ணீரின் அளவு

எனக்குப் பிடிபட நெடுநாள் எடுத்த படி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். கலவை கெட்டியாக இருக்கிறதா, நீர்த்திருக்கிறதா என்பதைக் கையால் தொட்டு முடிவு செய்யும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆனால் கையில் உணரும் கெட்டித்தன்மை, கலவையில் எவ்வளவு பொடி இருக்கிறது என்பதை மட்டும் சார்ந்ததன்று. துகள்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரள் சேர்ந்திருந்தால், குறைந்த பொடியிலேயே கலவை கெட்டியாகத் தோன்றும். மூலப்பொருள்களிலிருந்து சிறிதளவு சோடியம் நீரில் கரைந்து துகள்களை ஒன்றையொன்று விலகச் செய்தாலோ, ஏராளமான பொடி இருந்தும் கலவை நீர்த்தது போல ஓடும். முதல் வகையில் தண்ணீரைக் கூட்டினால் பூச்சு மெலிந்து மண் தெரியும், இரண்டாம் வகையில் கூட்டாமல் விட்டால் பூச்சு தடித்து வழியும்.

ஆகவே பொடியின் அளவை எடையால் காண வேண்டும். சிரிஞ்சைக் காலியாகத் தராசில் வைத்துச் சுழியாக்கி, நன்கு கலக்கிய கிளேஸைக் காற்றுக்குமிழ் இல்லாமல் சரியாக 100 மி.லி. இழுத்து, வெளிப்புறத்தைத் துடைத்து நிறுங்கள். தண்ணீர் என்றால் 100 கிராம் இருக்கும். கிளேஸ் 145 கிராம் இருந்தால் அதன் ஒப்படர்த்தி 1.45. தோய்த்துப் பூசுவதற்கு 1.40 முதல் 1.50 வரை பொதுவான எல்லை. இந்தக் கலவைக்கு 1.45-ஐ இலக்காகக் கொள்ளுங்கள்.

400 மி.லி. தண்ணீரில் கலந்த 500 கிராம் பொடி, ஏறத்தாழ 152 கிராம் காட்டும். எவ்வளவு தண்ணீர் சேர்ப்பது என்று ஊகிக்க வேண்டியதில்லை. காட்டிய எடையிலிருந்து 145-ஐக் கழித்து 0.45-ஆல் வகுத்தால், ஒவ்வொரு 100 மி.லி. கலவைக்கும் சேர்க்க வேண்டிய தண்ணீர் மி.லி. கணக்கில் கிடைக்கும். இங்கே 7-ஐ 0.45-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 15.5. வாளியில் 590 மி.லி. கலவை இருந்தால் சற்றேறக்குறைய 90 மி.லி. தண்ணீர் வேண்டும். அதனை ஒரே முறையில் ஊற்றாமல், முதலில் 70 மி.லி. ஊற்றிக் கலக்கி மீண்டும் நிறுத்துப் பாருங்கள். எடை இலக்கிற்குக் கீழே போய்விட்டால், கலவையை ஓரிரவு அசைக்காமல் வைத்து, மேலே தெளிந்த நீரைக் கொஞ்சம் இறுத்துவிட்டால் போதும்.

ஒப்படர்த்தி 1.45-இல் நின்ற பிறகும் கலவை கலத்தில் ஒட்டாமல் ஓடினால், தண்ணீரைத் தொடாதீர்கள். எப்சம் உப்பான மக்னீசியம் சல்ஃபேட்டைச் சுடுநீரில் கரைத்து, சில துளிகள் விட்டுக் கலக்கி, சற்றுப் பொறுத்துப் பாருங்கள். 500 கிராம் பொடிக்கு மொத்தம் அரை கிராம் முதல் ஒரு கிராம் உப்பே பெரும்பாலும் போதுமானது.

இந்த அளவீட்டில் மற்றொரு நன்மையும் உண்டு. பிரான்சின் செவ்ர் பீங்கான் ஆலையை 1800 முதல் 1847 வரை நிருவகித்த அலெக்சாந்தர் பிராங்னியாரின் பெயரால் வழங்கும் சூத்திரம், ஒப்படர்த்தியிலிருந்து உலர்பொடியின் எடையைக் கணக்கிட்டுத் தருகிறது. பொடியின் அடர்த்தியை 2.6 என்று கொண்டால், 1.45 ஒப்படர்த்தியுள்ள 100 மி.லி. கிளேஸில் ஏறத்தாழ 73 கிராம் உலர்பொடி இருக்கிறது. எனவே 2 விழுக்காடு இரும்பு ஆக்ஸைடு வேண்டுமென்றால், ஒரு கிண்ணத்தில் 100 மி.லி. கிளேஸை எடுத்து அதில் 1.46 கிராம் சேர்த்தால் போதும். ஒரே வாளியிலிருந்து 2, 4, 6, 8 விழுக்காடு என்று வரிசையாகச் சோதித்து, நிறம் வெளிர் தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு நோக்கி நகர்வதைப் பார்க்கலாம்.

படி 6: தோய்த்தல்

வில்லையின் தூசை ஈரப் பஞ்சால் துடைத்து, நன்கு உலரவிட்டு, கிளேஸில் இரண்டு அல்லது மூன்று நொடி தோய்த்து எடுங்கள். மேல் பாதியை மட்டும் மீண்டும் ஒருமுறை தோய்த்தால் மெல்லிய பூச்சும் தடித்த பூச்சும் ஒரே துண்டில் கிடைக்கும். முதற்சூளையைக் கோன் 04-இல் சுடுபவர்களின் கலம், கோன் 06-இல் சுடுபவர்களின் கலத்தைவிடக் குறைவாக உறிஞ்சும் என்பதால், அவர்கள் ஒரு நொடி கூடுதலாகத் தோய்க்க நேரலாம். அடிப்பாகத்தில் அரை சென்டிமீட்டர் உயரத்திற்குக் கிளேஸைத் துடைத்துவிடுங்கள்.

படி 7: சூளை

கட்டுப்பாட்டுக் கருவி காட்டும் வெப்பநிலையை மட்டும் நம்ப வேண்டாம். கோன் சாய்வது வெப்பத்தாலும் நேரத்தாலும் சேர்ந்து நிகழ்வது. கடைசிக் கட்டத்தில் மணிக்கு 60 டிகிரி வீதம் ஏற்றினால் கோன் 6 ஏறத்தாழ 1220 டிகிரியில் சாயும், மணிக்கு 150 டிகிரி வீதம் ஏற்றினால் 1240 டிகிரி வரை ஆகும். வில்லைகளுக்கு அருகில் 5, 6, 7 ஆகிய மூன்று கோன்களையும் நிறுத்துங்கள். 5 முற்றிலும் விழுந்து, 6 வளைந்து, 7 நிமிர்ந்து நின்றால் சூளை சரியான வெப்பத்தைக் கண்டிருக்கிறது. ஒவ்வொரு வில்லைக்கும் கீழே அதே மண்ணில் செய்த தட்டையான துண்டு ஒன்றை வைத்தால், வழியும் கிளேஸ் பலகையில் ஒட்டாது.

படி 8: வெளிவந்ததைப் படித்தல்

கிளேஸில் மயிரிழை வெடிப்புகள் வலைபோலத் தோன்றினால், குளிரும்போது கிளேஸ் மண்ணைவிட அதிகம் சுருங்கியிருக்கிறது என்று பொருள். கலவையில் 100-க்கு 5 பங்கு சிலிக்காவைக் கூட்டிப் பாருங்கள். விளிம்புகளில் கிளேஸ் செதிலாக உரிந்தால் நிலைமை இதற்கு நேர்மாறானது. உரியும் கண்ணாடிச் சில்லு உணவில் கலக்கக்கூடும் என்பதால், அந்தக் கலத்தை எக்காரணம் கொண்டும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. வெடிப்பு சில வாரங்கள் கழித்தும் தோன்றலாம். கொதிநீரிலும் பனிக்கட்டி நீரிலும் வில்லையை மாறி மாறிச் சில முறை அமிழ்த்தினால் அது முன்கூட்டியே வெளிப்படும்.

செம்பு ஆக்ஸைடு சேர்த்த வில்லைகளை ஓரிரவு வினிகரில் பாதி ஊறவையுங்கள். ஊறிய பகுதியின் நிறம் மாறினால் அந்தக் கிளேஸ் உணவுக்கு உதவாது. நிறம் மாறாதது மட்டுமே பாதுகாப்புக்குச் சான்றாகாது. அதற்கு ஆய்வகச் சோதனை வேண்டும். பேரியம், மாங்கனீசு உள்ள கலவைகளைத் தொடக்கநிலையினர் தொடாமலிருப்பதே நல்லது.

பின்சேர்க்கை

சில வாரங்கள் மூடிவைத்த வாளியின் அடியில் கிளேஸ் கல்போல இறுகிவிடுகிறது என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். தெளிந்த நீரை வேறு பாத்திரத்தில் இறுத்து வைத்துக்கொண்டு, இறுகியதைக் கரண்டியால் சுரண்டி எடுத்து, அதே நீரை மீண்டும் ஊற்றிக் கலக்கிச் சலியுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றினால், இறுத்த பழைய நீரில் முன்பே கரைந்திருந்த பொருள்கள் வீணாகும். பிறகு எப்சம் உப்புக் கரைசலைச் சில துளிகள் விட்டால் அடுத்த முறை இறுகுவது பெரிதும் குறையும். மூடி சரியாகப் பொருந்தாத வாளியில் நீர் ஆவியாகியிருக்கும் என்பதால், பூசுவதற்கு முன் 100 மி.லி. இழுத்து மீண்டும் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள்.