சத்தம் எதோடு வருகிறது? பழைய ஜீப் வாங்கும் முன்

தாண்டிக்குடிக்குக் கீழே எங்களுக்குக் கொஞ்சம் காபியும் மிளகும் உண்டு. தார்ச்சாலையை விட்டால் தோட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. மழைக்காலத்தில் ஃபோர் வீல் இல்லாமல் ஏறாது. இதுவரை மூன்று ஜீப் வாங்கியிருக்கிறேன், மூன்றும் செகண்ட் ஹேண்ட். இரண்டாவதில்தான் நன்றாக ஏமாந்தேன். ஓட்டிப் பார்த்தபோது பூனை மாதிரி ஓடிய வண்டி, மூன்றாவது வாரம் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்தது. வத்தலக்குண்டில் எங்கள் மெக்கானிக் பாய் டிஃபரென்ஷியலை, அதாவது பின் அச்சின் நடுவில் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டியைத் திறந்து விரலை விட்டு எடுத்துக் காட்டினார். கிரீஸோடு குழைந்த மரத்தூள். "உள்ளே இருக்குற கிரவுன் பல்சக்கரத்தோட சத்தத்தை அமுக்குற பழைய வித்தைண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு சத்தம் போடும் ஜீப்பைவிட, போடாத ஜீப்பைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

பம்ப்செட் கொட்டகையிலேயே காலம் தள்ளியதில் எனக்கு வலது காது மந்தம். அதனால் வண்டி பார்க்கப் போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போவேன். அவள் காதால் பார்ப்பாள், நான் உள்ளங்கையால் பார்ப்பேன். மூன்றாவது வண்டியான 2.5 லிட்டர் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) மஹிந்திரா தார் ஜீப்பை அப்படித்தான் வாங்கினோம்.

காலையிலேயே போய்விடுங்கள், "ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் காபி குடித்துவிட்டு வருகிறோம் என்று சொல்லி இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் போங்கள். டீசல் என்ஜினின் உண்மைக் குரல் முதல் ஸ்டார்ட்டில்தான் வரும். குளிரில் கொஞ்ச நேரம் 'கடகட'வென்று அடித்துப் பிறகு அடங்கினால் அது இயல்பு. காமன் ரெயில் இல்லாத பழைய டிஐ என்ஜின்கள் சூடான பிறகும் அப்படித்தான் பேசும். காமன் ரெயிலில் முக்கிய டீசலுக்கு முன்னால் ஒரு சொட்டு முன்கூட்டியே தெளிக்கப்படுவதால் அடி மென்மையாக விழும். ஆகவே டிஐயை சிஆர்டிஇயோடு ஒப்பிட்டு ஒதுக்காதீர்கள். மேலிருந்து 'டிக் டிக்' என்று சன்னமாக வந்தால் பெரும்பாலும் டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி. செட்டிங்கில் சரியாகிவிடும். அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக வந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடினால் பேரிங்காக இருக்கலாம். நானாக இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுவேன்.

அடுத்தது அதிர்வு. ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்றி டேஷ்போர்டில் வையுங்கள். விற்பவர் சிரிப்பார், சிரிக்கட்டும். நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 750 ஆர்பிஎம் ஐடிலிங் என்றால் நொடிக்கு 25 துடிப்பு. அது தண்ணீரில் பொடிப்பொடியான, சீரான வளையமாகத் தெரியும். ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாவிட்டால் அதே ஆர்பிஎம்மில் நொடிக்கு ஆறு தடவை வண்டியே குலுங்கும். தண்ணீர் ததும்புவது கண்ணுக்கே தெரியும். இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ கோளாறு என்று அர்த்தம். எல்லாச் சிலிண்டரும் ஒழுங்காக அடித்தும் ஸ்டீயரிங், சீட் எல்லாம் விறுவிறுத்தால் என்ஜின் மவுண்டிங் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். இது சின்னச் செலவு. பேரம் பேச நல்ல ஆயுதமும்கூட. கியர் லிவர் ஆடுவதை மட்டும் கண்டுகொள்ள வேண்டாம், பழைய தாரில் அது பிறவிக் குணம். அப்புறம், ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றிவைத்து அதிர்வை மறைப்பவர்களும் உண்டு. மீட்டர் முள்ளைப் பாருங்கள்.

நியூட்ரலில் நிறுத்திக் கிளட்சை மிதித்து விடுங்கள். மிதித்தால் 'கிர்ர்' என்று கேட்டால் ரிலீஸ் பேரிங். விட்டால் கேட்டு, மிதித்தால் நின்றுபோனால் கியர்பாக்ஸுக்குள்ளே பேரிங் தேய்ந்திருக்கிறது. முதலாவது கிளட்ச் வேலையோடு முடிந்துவிடும், இரண்டாவதற்குக் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும்.

இப்போது ரோட்டுக்கு. ஸ்டீரியோவை அணைக்கச் சொல்லுங்கள். எங்கள் சிஆர்டிஇயில் 60 தாண்டியதும் தரையிலிருந்து ஒரு 'ம்ம்ம்' வந்தது. எனக்குக் கேட்கவில்லை, பாதத்தில் தெரிந்தது. மகள்தான் சொன்னாள்: "அப்பா, கியரை மாத்தினாலும் அந்தச் சத்தம் மாறவே இல்லையே." நான் தேடிக்கொண்டிருந்ததே இந்த ஒரு வாக்கியத்தைத்தான். கியரை மாற்றினால் என்ஜின் வேகம் மாறும், சக்கர வேகம் மாறாது. சத்தம் மாறவில்லை என்றால் என்ஜின்மேல் குற்றமில்லை. சமதளத்தில், ஆளில்லாத நேர்ச்சாலையில் ஒரு நொடி நியூட்ரலுக்குப் போட்டும் இதை உறுதி செய்யலாம். மலைப்பாதையில் மட்டும் இந்த விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

சக்கரப் பக்கம் என்றால் எது? ரோட்டின் தரம் மாறும்போது சத்தமும் மாறினால் டயர். மட் டெரெய்ன் டயர் எப்போதும் பாடும். வண்டியை மெதுவாக இடது வலது வளைக்கும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை, காலை எடுத்தால் ஊளை மாறுகிறது என்றால் டிஃபரென்ஷியலின் கிரவுன் பினியன். கிளட்ச் விட்டு நகரும்போது 'டங்' என்றால் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டு, அதாவது கிராஸ். உயரம் ஏற்றிய வண்டிகளில் ஷாஃப்ட் சாய்வு கூடிவிடுவதால் கிராஸ் புதிதாக இருந்தால்கூட உதறும். லிஃப்ட் கிட்டைப் பார்த்து மயங்கி அதிக விலை கொடுப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எங்களுடையது வெறும் டயர்தான்.

ஃபோர் வீலைத் தார் ரோட்டில் போட்டுச் சோதிக்காதீர்கள். முன்னும் பின்னும் இறுகிக்கொண்டு, நல்ல வண்டியே முறுக்கி 'டக்' என்று அடிக்கும். மண் தரையில் போடுங்கள். ஃபோர் வீல் லோ கியரில் கொஞ்சம் ஊளை இருக்கும், பரவாயில்லை. பல் நழுவுவது போல 'கடக்' என்றால் வேண்டாம்.

டிஃபரென்ஷியல் ஆயில் போல்ட்டைக் கழற்றி விரலை விட்டுப் பார்க்காமல் இப்போது நான் எதையும் வாங்குவதில்லை. அந்தத் தாரை எங்களுக்கு விற்ற கோயம்புத்தூர்காரர் முகம் சுளித்தார். "சார், அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க." கேட்டேன், அவரும் கழற்றினார். கறுப்பாக இருந்தாலும் வெறும் ஆயில்தான்.

கடைசியாகச் சாவியைத் திருகி நிறுத்தினேன். என்ஜின் ஒரு குலுக்கு குலுக்கி அடங்காமல் மூன்று முறை உதைத்து நின்றது. டம்ளர் தண்ணீர் டேஷ்போர்டில் சிந்தியது. மவுண்டிங் போயிருந்தது. தேய்ந்த நாலு டயரையும் அதையும் சேர்த்துச் சொல்லி 45,000 குறைத்தோம். சிந்திய தண்ணீரை அவரே துடைத்துக்கொண்டு, "டம்ளரை எடுத்துக்குங்க சார்" என்றார்.