மூச்சுத்திணறலும் இடுப்புவலியும் ஒரே உடம்பில்: எந்தக் கருவியை எப்படி வைப்பது

நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவருக்கு இடுப்புவலியும் வந்துவிட்டால், வீட்டார் முதலில் வாங்கி வருவது அகலமான இடுப்பு பெல்ட். நல்ல எண்ணத்தில்தான் வாங்குகிறார்கள். நான் வீடுகளுக்கே போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட். உள்ளே போனதும் என் கை முதலில் போவது அந்த பெல்ட்டின் ஒட்டுப்பட்டைக்குத்தான். அதைத் தளர்த்தியதும் பலருக்குப் பேச்சு நடுவில் அறுந்துபோகாமல் வருகிறது.

காரணம் உடலமைப்பில் இருக்கிறது. மூச்சுக்கு முக்கியத் தசை உதரவிதானம். அது விலா எலும்புகளோடு நின்றுவிடுவதில்லை. பின்பக்கம் இரண்டு வேர்களாக இறங்கி, கீழ்முதுகின் மேல் முள்ளெலும்புகளைப் பற்றிக்கொண்டிருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்க வேண்டும். அதற்கு வயிறு முன்னால் வந்து இடம் கொடுக்க வேண்டும். வயிற்றை இறுக்கிக் கட்டினால் அந்த இடம் போய்விடுகிறது. கழுத்தும் தோளும்தான் பிறகு மூச்சை இழுத்தாக வேண்டும். நாம் அசையும்போது முதுகைத் தாங்கிப்பிடிக்கும் வேலையிலும் உதரவிதானத்துக்குப் பங்குண்டு. மூச்சுக்கே அது திண்டாடும்போது முதுகுக்குக் கிடைக்கும் தாங்கல் குறைந்துபோகிறது. ஆஸ்திரேலியப் பெண்களிடம் நடத்தி 2006ல் வெளியான ஆய்வொன்று, முதுகுவலிக்கு உடல் பருமனோடு இருக்கும் தொடர்பைவிட மூச்சுக் கோளாறோடு இருக்கும் தொடர்பு வலுவானது என்று காட்டியது.

ஆகவே இடுப்புக்காக வாங்குவதை மூச்சை வைத்துச் சோதியுங்கள். மூச்சுக்காக வாங்குவதை இடுப்பை வைத்துச் சோதியுங்கள். கருவியைப் பொருத்தி ஐந்து நிமிடம் உட்காரச் சொல்லுங்கள். உள்ளங்கையைத் தொப்புளுக்குச் சற்று மேலே வைத்துப் பாருங்கள், மூச்சுக்கு மூச்சு கை முன்னால் வருகிறதா என்று. ஒரு நீளமான வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் சொல்லச் சொல்லுங்கள். முன்பு சொல்ல முடிந்தது இப்போது முடியவில்லை என்றால் அந்தக் கருவி அவருக்கு ஆகாது.

பெல்ட் இல்லாமல் முடியவே முடியாது என்பவர்கள், இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி தாழ்வாகக் கட்டுங்கள். இரண்டு விரல் உள்ளே நுழைய வேண்டும். நடக்கும் நேரத்துக்கு மட்டும் போதும், உட்கார்ந்ததும் கழற்றிவிடுங்கள். பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் 2016ல் இடுப்புவலிக்கு பெல்ட்டையும் டென்ஸ் என்கிற மின்தூண்டல் கருவியையும் பரிந்துரைக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. டென்ஸ் சிலருக்கு அந்தந்த நேரத்து ஆறுதல் தரலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது.

இனி படுக்கை. என் அனுபவத்தில் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

மூச்சுத்திணறல் உள்ளவரால் மட்டமாகப் படுக்க முடியாது. தலைக்கு மூன்று நான்கு தலையணை அடுக்குகிறார்கள். தலை மட்டும் தூக்கி நிற்க, உடம்பு மெதுவாகக் கீழே வழுக்குகிறது. நள்ளிரவுக்குள் மார்பு மடங்கி, வயிறு அமுங்கி, கீழ்முதுகு கூன்போட்டுக் கிடக்கிறது. காலையில் எழுந்ததும் மூச்சும் இல்லை, இடுப்பும் இல்லை என்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வரிசையை மாற்றினால் இது தீரும். முதலில் இடுப்பு: மேல்பாகம் தூக்கும் கட்டில் என்றால் அதன் மடிப்பு எங்கே இருக்கிறதோ, சரியாக அங்கே இடுப்பு வர வேண்டும். அடுத்து முழங்கால்: சுருட்டிய போர்வையை அடியில் வைத்துக் கொஞ்சம் மடக்குங்கள், இது வழுக்கலைத் தடுக்கும். அதற்குப் பிறகுதான் முதுகைத் தூக்க வேண்டும், 30 முதல் 45 டிகிரி வரை. கட்டில் மடங்காது என்றால் ஆப்பு வடிவ ஃபோம் மெத்தையை இடுப்பிலிருந்தே தொடங்கும்படி வையுங்கள். தலைக்கு ஒரே ஒரு மெல்லிய தலையணை. இரண்டு கைகளுக்கும் அடியில் கைக்கொரு தலையணை கொடுங்கள். கையின் பாரம் தோளை இழுக்காவிட்டால் மூச்சு லேசாகும். பகலில் மறக்காமல் காலை நீட்டி நடக்க வையுங்கள், இல்லையென்றால் இடுப்பு மூட்டு மடங்கினபடியே இறுகிவிடும்.

கட்டாந்தரைபோல் கடினமான மெத்தைதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. ஸ்பெயினில் 313 பேரிடம் நடத்தி 2003ல் வெளியான ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலிக்கு நடுத்தரமான மெத்தையே கடினமானதைவிட நல்ல பலன் தந்தது.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அறைக் காற்றில் 21 சதவீதம்தான் ஆக்சிஜன். கருவிக்குள் இருக்கும் ஜியோலைட் என்ற தாது நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொண்டு, ஏறக்குறைய 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாக வெளியே விடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்த நுரையீரல் நோயாளிகள் தினமும் 15 மணி நேரமாவது எடுத்துக்கொண்டால் ஆயுள் நீளும் என்று 1980, 1981ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் நிறுவின. ஆனால் அந்த 15 மணி நேரமும் குட்டைக் குழாயில் கட்டுண்டு ஒரே நாற்காலியில் உட்கார்ந்தால் இடுப்பு என்னவாகும்? ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவருக்கு நான் செய்த முதல் சிகிச்சை குழாயை நீளமாக்கச் சொன்னதுதான். கழிவறை வரைக்கும், ஜன்னல் வரைக்கும் அவரே நடக்கத் தொடங்கினார். இடுப்புவலி தானாக இறங்கியது. குழாயை நீட்டும்போது கருவி கொடுத்தவர்களிடம் எத்தனை மீட்டர் வரை போகலாம் என்று கேளுங்கள். மூக்கில் வைக்கும் முனையைச் சுத்தமான நீரில் நனைத்துப் பாருங்கள். குமிழி வந்தால் காற்று வருகிறது. பிறகு துடைத்து, முனைகளின் வளைவு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். கருவியைச் சுவரோடும் திரைச்சீலையோடும் ஒட்டி வைக்காதீர்கள். குழாய் நடைவழியில் சுருண்டு கிடக்காமல் சுவரோரமாகப் போகட்டும், இந்த நிலையில் ஒருமுறை விழுந்தாலும் உடம்பு தாங்காது.

ஆக்சிஜன் ஓடும் இடத்தில் நெருப்பு 3 மீட்டருக்குள் வரக்கூடாது என்பது பலருக்குத் தெரியும். வலிக் களிம்பு தடவிய கையோடு மூக்குக் குழாயைத் தொடக்கூடாது என்பது தெரிவதில்லை. எண்ணெய்ப் பசையும் பெட்ரோலியம் ஜெல்லியும் ஆக்சிஜனோடு சேர்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும். இடுப்புக்குத் தடவிவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஒத்தடத்துக்கும் மின்சார விரிப்பைவிட வெந்நீர்ப் பையே பத்திரம். துண்டில் சுற்றி, 15 நிமிடம்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் எண் குறைகிறது என்று ஆக்சிஜனை நீங்களாகக் கூட்டாதீர்கள். கரியமில வாயு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் வழக்கமாகக் குறிவைப்பது 88 முதல் 92 சதவீதம் வரைதான். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறும். கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மறுபடி பாருங்கள்.

மூச்சு, இடுப்பு இரண்டுக்கும் ஒன்றாக உதவும் கருவி எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: ரோலேட்டர். நான்கு சக்கரமும் பிரேக்கும் உட்கார இருக்கையும் உள்ள நடைவண்டி. போலியோவால் பாதிக்கப்பட்ட ஐனா விஃபால்க் என்ற சுவீடன் பெண்மணி 1978ல் உருவாக்கியது. நடக்கவே சிரமப்பட்ட ஒருவரின் யோசனை என்பதாலேயே எனக்கு அதன்மேல் தனி மரியாதை. கைகளை ஊன்றிச் சற்று முன்னால் சாயும்போது தோள்பட்டைத் தசைகள் மூச்சுக்கு உதவிக்கு வருகின்றன. முதுகெலும்புக் குழாய் குறுகி நரம்பு அமுங்குபவர்களுக்கும் அதே சாய்வில் இடம் விரிந்து கால்வலி குறைகிறது. கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு மடிப்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, கைப்பிடி அந்த உயரம். உட்காருவதற்கு முன் இரண்டு பிரேக்கையும் பூட்டுங்கள். முடிந்தால் சக்கரத்தைச் சுவரில் முட்டுக்கொடுங்கள். சின்ன சிலிண்டர் தூக்குபவர்கள் தோளில் மாட்டாமல் வண்டிக் கூடையில் வைக்கட்டும்.

நாற்காலியிலிருந்து எழும்போது மூச்சை அடக்கிக்கொண்டு எழுவது கெட்ட பழக்கம். முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, மூக்கால் மூச்சை இழுங்கள். உதட்டைக் குவித்து மெதுவாக ஊதிக்கொண்டே எழுங்கள். நின்றதும் இரைத்தால் கையடக்க மின்விசிறியை மூக்கு, கன்னத்தின் மேல் காட்டுங்கள். முகத்தில் படும் குளிர்காற்று மூச்சுத்திணறல் உணர்வைக் குறைப்பது ஆய்வில் தெரிந்த விஷயம்.

தூக்கத்தில் மூச்சடைப்புக்கு சிபாப் என்கிற, முகமூடி வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தும் கருவியைப் போடுபவர்கள் ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, குழாயைத் தலைக்கு மேலே போகவிட்டால் இடுப்பு முறுக்காமல் திரும்பலாம்.

கருவி எதையும் தேடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நேரங்கள் உண்டு. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுதல், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போதல், காலில் பலம் இறங்குதல், காய்ச்சலோடு வரும் முதுகுவலி, உதடு நீலமாவது, குழப்பமாகப் பேசுவது, எழுப்பினாலும் தூங்கி வழிவது: இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவருக்கு ஒரு இருமலுக்குப் பிறகு திடீரென முதுகில் கடும் வலி வந்தால், முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம். எந்த மாத்திரை, எவ்வளவு காலம் என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கையோடு கொண்டுபோங்கள்.